இடது ஜன்னலில் தெரிந்த கடல்

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். பல்கலைக்கழகம் வரை போனதும் நான்தான். இதைச் சொல்லும்போது தலை கொஞ்சம் நிமிரும். நிமிரட்டும்.

அப்பா போர்ட் கிள்ளானில் கப்பல் சரக்கு இறக்குகிறவர். விலங்கியல் பட்டத்தோடு வந்த எனக்குக் கிடைத்த முதல் வேலையைக் கேட்டு எங்கள் அடுக்குமாடியே சிரித்தது.

"யூனிவர்சிட்டி போயி படிச்சிட்டு மீன் எண்ணப் போவுதாம்லா," என்றார் கீழ்வீட்டு அக்கா.

"மீன் இல்லக்கா, டால்பின்."

"ரெண்டும் தண்ணியிலதான கெடக்கு?"

அம்மாவுக்கோ வேறு கவலை. "விமானத்துல கதவு நல்லா சாத்துவாங்களா?" என்று மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தார்.

போர்ட் கிள்ளானுக்கு எதிரே உள்ள தீவுகளை ஒட்டிக் கடலைத் தூர்த்துப் புதிய துறைமுகம் கட்டத் திட்டம் இருந்தது. கட்டுவதற்கு முன்னால், அந்தக் கடலில் டால்பின், ஆமை என்று என்னென்ன எங்கெங்கே இருக்கின்றன என்பதை வானத்திலிருந்து பார்த்துப் பதிய வேண்டும். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு பாத்திரக் கடைக்கு மேல்மாடியில் இருந்த சின்ன அலுவலகம் அந்த வேலையை எடுத்திருந்தது. அதை நடத்தியவர் ஒரு சீனப் பெண்மணி. கடலுயிர்களைப் பற்றி ஆராய்ந்து பட்டம் பெற்றவர் என்பதால் நாங்கள் அவரை டாக்டர் என்றே அழைத்தோம்.

சுபாங் விமான நிலையத்திலிருந்து காலையில் கிளம்புவோம். விமானம் ஒரு வேன் அளவுதான் இருக்கும். முன்னால் விமானியும் டாக்டரும். பின்னால் வலது ஜன்னலில் ஒரு மலாய் இளைஞர், இடது ஜன்னலில் நான். இறக்கையைத் தாங்கும் கம்பியில் இரண்டு இடங்களில் சிவப்பு டேப் ஒட்டியிருக்கும். அந்த இரண்டுக்கும் நடுவில் தெரிகிற கடல் என் பொறுப்பு. கரையிலிருந்து நேர்கோடாகப் போய், திரும்பி, அடுத்த கோட்டில் வருவோம். படகில் நிற்பவரின் தொப்பி நிறம் தெரிகிற அளவுக்குத் தாழ்வாகப் பறப்போம். கண்டதை மைக்கில் சொன்னால் ஒலிநாடாவில் பதிவாகும். ஒன்றும் காணவில்லை என்றால் அதையும் சொல்ல வேண்டும். வெறும் கடலும் எங்களுக்குத் தகவல்தான்.

என் பக்கம் வெறும் கடலாகவே இருந்தது. வலது ஜன்னல்காரர் ஆமை கண்டார், டால்பின்கூடக் கண்டார். நான் கண்டதெல்லாம் மிதக்கும் மரக்கட்டை, எண்ணெய்த் திட்டு, ஒரு முறை யாரோ தொலைத்த பாய்.

அப்பா தினமும் கேட்பார்.

"இன்னிக்கு என்ன கெடச்சிச்சு?"

"ஒண்ணும் இல்லப்பா."

"இன்னிக்குமா?" என்பார். பிறகு சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பார், சாப்பிட மாட்டார்.

அந்த முகவாட்டத்தை அப்போது நான் புரிந்துகொள்ளவில்லை. அப்பாவுக்கு இளம் வயதிலிருந்து கூலி இறக்கிய எடைக்குத்தான். கப்பல் வராத நாளில் கையை வீசிக்கொண்டு வீடு திரும்பியவர் அவர். டால்பின் இல்லாமல் திரும்பும் மகளுக்கு மட்டும் எவன் சம்பளம் கொடுப்பான்? இன்னும் எத்தனை நாள் வைத்துக்கொள்வான்? இதை அவர் என்னிடம் வாய் திறந்து கேட்கவே இல்லை.

அந்தச் சமயத்தில் அடுத்த வாரம் பறக்க வேண்டிய கோடுகள் வரைந்த கடல் வரைபடத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து தரையில் விரித்தேன். என் படிப்பை அப்பாவுக்குக் காட்டும் ஆசைதான். அவர் குந்தி உட்கார்ந்து ஒரு கோட்டின் மேல் விரலை ஓட்டினார்.

"இது சிவப்பு மிதவை தாண்டிப் போற வழியில்ல? எப்போ போவீங்க?"

"திங்கக்கிழமை காலையில. முதல் கோடே அதான்."

"உன் ஜன்னல் எந்தப் பக்கம்?"

ஆர்வத்தில் கேட்கிறார் என்று பூரித்துப்போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

திங்கட்கிழமை கடல் கண்ணாடிபோல் இருந்தது. மிதவையைத் தாண்டியதும் என் இரண்டு டேப்புகளுக்கு நடுவே ஒரு மீன்பிடிப் படகு வந்தது. அதன் பின்னால் சாம்பலும் இளஞ்சிவப்புமாக முதுகுகள். ஒன்றல்ல, ஒரு கூட்டம்! "இடது பக்கம், டால்பின் கூட்டம், படகுக்குப் பின்னால்," என்று மைக்கில் கத்தினேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

பிறகுதான் படகில் நின்ற ஆளைப் பார்த்தேன். தலையில் முண்டாசு. கூடையை இடுப்போடு அணைத்து, உடம்பை ஒரு பக்கம் திருப்பி, பொடி மீனைக் கடலில் வீசினார். மூட்டையை லோரிக்கு வீசுகிற அதே வீச்சு. வீசிவிட்டு வானத்தைப் பார்த்து இரண்டு கையையும் ஆட்டினார்.

வேலைக்கு ஒரு நாள் லீவு எடுக்காத என் அப்பா.

படகு இறக்கைக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தது. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரியாது. முன்னால் டாக்டர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டார். ஆனால் அந்த டால்பின்கள் மீனுக்காக எங்கிருந்தோ வந்தவை. அவை அந்த இடத்தில் இருப்பவை என்று பதிந்தால், அந்தக் கோடே பொய்யாகிவிடும். சொன்னால் என் வேலை போகலாம். அப்பா எல்லோர் முன்னாலும் கேலியாகலாம்.

மைக்கை அழுத்தினேன். "படகிலிருந்து இரை போடுகிறார்கள். போடுகிறவர் என் அப்பா."

விமானி அடக்க முடியாமல் சிரித்தார். டாக்டர் சிரிக்கவில்லை. இறங்கியதும் என்னைத் தனியே அழைத்துக் காரணம் கேட்டார். எனக்குத் தெரிந்தவரை சொன்னேன். சொல்லும்போதுதான் எனக்கே முழுதாக விளங்கியது. அவர் கோடுகள் வரைந்த வரைபடத்தை எடுத்து விரித்துப் பார்த்தார்.

"அந்தக் கோட்டை மறுபடியும் பறக்கணும்," என்றார் கடைசியில். "இடது ஜன்னல்ல நீதான் உட்காரணும். ஆனா அப்பாகிட்ட போயிப் பேசு."

வீட்டில் அப்பா குளித்துவிட்டு உட்கார்ந்திருந்தார். மீன்வாடை போகவில்லை. முகத்தில் ஒன்றும் தெரியாத பாவனை.

"அப்பா, துறைமுகத்துல டெலி கிளார்க் இருக்காரே, கப்பல்லேர்ந்து எறங்குற சரக்க எழுதுறவரு. சரக்கு கொறஞ்சா அவருக்குச் சம்பளம் கொறையுமா?"

"அவருக்கென்ன, மாசச் சம்பளம். இருக்கிறத சரியா எழுதணும், அவ்வளவுதான்."

"என் வேலையும் அதுதான்ப்பா."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். புரிவதற்குக் கொஞ்ச நேரம் ஆனது. பிறகு முகம் கறுத்தது. டெலிக் கணக்கில் கை வைப்பது துறைமுகத்தில் எவ்வளவு பெரிய குற்றம் என்று அவருக்குத் தெரியும்.

"அப்போ நான் உன் கணக்கையே கெடுத்துட்டேனா?"

"இல்லப்பா. நான் உடனே சொல்லிட்டேன். அந்தக் கோட்ட மறுபடி பறக்கப் போறோம்."

"வேல?"

"இருக்கு."

அவர் மூச்சு விட்டார். அம்மா அடுப்படியிலிருந்து, "நான் அப்பவே சொன்னேன், அந்தப் படகுக்காரச் சீனரையும் இழுத்துக்கிட்டுப் போகாதீங்கன்னு," என்று குரல் கொடுத்தார். அப்பா காதில் போட்டுக்கொள்ளவில்லை. வேறெதையோ யோசித்துக்கொண்டிருந்தார்.

"நாந்தான்னு எப்படித் தெரிஞ்சிச்சு? அவ்ளோ ஒசரத்துலேர்ந்து?"

"நீங்க கூடைய வீசுனீங்கல்ல. அதுலயே தெரிஞ்சிடுச்சு."

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். சிரிப்பை மறைக்கிறார் என்று தோள் குலுங்கியதில் தெரிந்தது. பிறகு அடுப்படிப் பக்கம் திரும்பினார்.

"இந்தா, கேட்டியா? வானத்துலேர்ந்து பாத்து என்னக் கண்டுபுடிச்சிருக்கா."