வெளியூர்க்காரிக்குப் பேச அனுமதி

எல்வுட் தாயர் எந்தக் கட்சி என்று நார்த் பெல்மரில் யாருக்கும் தெரியாது. அவர் மனைவி நெட்டிக்குத் தெரிந்திருக்கலாம். அவள் யாரிடமும் சொல்லாமலே போய்ச் சேர்ந்தாள்.

வருடாவருடம் மார்ச்சில் ஊர் மொத்தமும் பள்ளிக்கூட ஹாலில் கூடி, பனி தள்ளும் லாரி வாங்குவதா வேண்டாமா என்று பகல் முழுக்கச் சண்டை போடும். அந்தக் கூட்டத்தை நடத்த ஊர் ஓட்டுப் போட்டு எடுத்த தலைவர் எல்வுட். இருபது வருடத்துக்கு மேலாக அவரை எதிர்த்து யாரும் நின்றதில்லை. தலைவர் எதைப் பற்றியும் கருத்துச் சொல்லக்கூடாது. சொல்லியே தீர வேண்டுமென்றால் மரச்சுத்தியலை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டுக் கீழே இறங்கி, மற்றவர்களைப் போல வரிசையில் நின்று, பெயரும் தெருவும் சொல்லிவிட்டுப் பேச வேண்டும். எல்வுட் ஒரு தடவைகூட இறங்கியதில்லை.

பிழைப்புக்கு வீடுகளைச் சூடாக்கும் பாய்லர்களைப் பழுது பார்த்தார். யார் வாசலில் எந்தக் கட்சி அட்டை நட்டிருக்கிறது என்று பார்க்காமல் பின்பக்கமாக நிலவறைக்கு இறங்கிவிடுவார்.

2009 ஆகஸ்டில் அப்படிப் பார்க்காமல் இருப்பது கஷ்டமாக இருந்தது. வாஷிங்டனில் மருத்துவக் காப்பீட்டு மசோதா: எந்த நோய் இருந்தாலும் கம்பெனி மறுக்கக்கூடாது, சர்க்காரும் அதில் கை வைக்கும். நியூ ஹாம்ப்ஷயரின் அந்த மூலையில்கூட, காலையில் காபிக் கடைக்குப் போனால் அதே பேச்சு.

"சர்க்கார் கைக்குப் போச்சுன்னா என் முட்டி ஆபரேஷனுக்கு வாஷிங்டன்ல எவனோ கையெழுத்துப் போடணும்" என்றார் லைல் பிக்ஃபோர்ட். ஊர் நிர்வாகக் குழுவில் ஒருவர், பரம்பரைக் குடியரசுக் கட்சிக்காரர்.

தபால் ஆபீஸ் மேவிஸ் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "இப்ப மட்டும் யார் போடறா? கம்பெனிக்காரன். அவனை நீ ஓட்டுப் போட்டா எடுத்த?"

"கம்பெனி பிடிக்கலைன்னா மாத்திக்கலாம். சர்க்காரை எப்ப மாத்துவ?"

"நவம்பர் தேர்தல்ல."

கடையே சிரித்தது. லைல் மட்டும் சிரிக்காமல் திரும்பினார். "நீ சொல்லு எல்வுட்."

"காபி ஆறிப்போச்சு" என்றார் எல்வுட்.

அவர் மகள் கோரினுக்கு முப்பத்தொரு வயது. குடலில் தீராத புண். செடி கொடி விற்கும் நர்சரி ஒன்றில் வேலை பார்த்தாள். வசந்தத்தில் அதை மூடினார்கள். வேலையோடு காப்பீடும் போயிற்று. வேறு காப்பீட்டுக் கம்பெனிகளுக்கு எழுதினாள். ஏற்கெனவே உள்ள நோய் என்று எல்லாரும் கைவிரித்தார்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து ஏற்றிக்கொள்ள வேண்டிய மருந்தை மூன்று மாதத்துக்குத் தள்ளினாள். பிறகு அதற்கும் மேல். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வரும்போது அவள் மணிக்கட்டை எல்வுட் பார்ப்பார். கடிகாரம் முழங்கை வரை நழுவிப் போகும். அவர் ஒன்றும் கேட்கமாட்டார்.

ஒரு ஞாயிறு அவளே சொன்னாள்: "வாஷிங்டன்ல ஓட்டுப் போடப்போற நம்ம பிரதிநிதி எந்தப் பக்கம்னு இன்னும் சொல்லலையாம். ஊர் ஊரா கூட்டம் போட்டுக் கேக்கறாராம். உங்க கூட்டத்துல நான் கேக்கப்போறேன்."

"வரிசையில நின்னா கூப்பிடுவேன்."

"அது போதும்ப்பா. வேற எதுவும் நீ செய்ய வேண்டாம்."

பிரதிநிதியின் ஆட்கள் கூட்டத்தை நடத்தித் தர எல்வுட்டைத்தான் கேட்டிருந்தார்கள். மற்ற ஊர்களில் கத்தலும் தள்ளுமுள்ளும் நடந்திருந்தது. இங்கே இவர் சொன்னால் இரண்டு பக்கமும் கேட்கும் என்று நம்பினார்கள்.

அன்று பள்ளிக்கூட வாசலில் வேன்கள் நின்றன. தெரியாத முகங்கள். மசோதா வேண்டும் என்பவர்கள் கையிலும் வேண்டாம் என்பவர்கள் கையிலும் அச்சடித்த அட்டைகள். உள்ளே விசிறிகள் சூட்டைக் கலக்கிவிட்டுக்கொண்டிருந்தன. எல்வுட்டுக்கு அந்த அச்சடித்த அட்டைகளைக் கண்டதும் எரிச்சல் வந்தது. மேடையேறினார். நிர்வாகக் குழுவின் சார்பில் லைல் பக்கத்து நாற்காலியில், பிரதிநிதி அதற்கடுத்து.

"இது ஊர்க் கூட்டம் இல்லைன்னு எனக்குத் தெரியும். ஆனா நான் நடத்தினா ஊர் விதிப்படிதான் நடக்கும். ஆளுக்கு ரெண்டு நிமிஷம். பேரு, தெரு. வெளியூர்க்காரங்க பேசணும்னா உள்ளூர் ஓட்டர்கள் அனுமதிக்கணும்."

இரு பக்கமும் கைதட்டின. அவர் சுத்தியலால் தட்டினார்.

மூன்றாவதாக வந்தவர் கோட்டுப் போட்ட மனிதர். மசோதா தேசத்தைக் கெடுத்துவிடும் என்று தொடங்கினார். தெரு எது என்று எல்வுட் கேட்டார். தெற்கே எங்கோ ஒரு ஊர். ஓட்டுக்கு விட்டார். அனுமதி இல்லை. மேவிஸ் உட்கார்ந்திருந்த பக்கம் விசில் அடித்தது. லைலின் கட்சிக்காரர்கள் முணுமுணுத்தார்கள், ஆனாலும் ஏற்றுக்கொண்டார்கள். விதி விதிதான்.

கோரின் மைக் முன்னால் வந்து நின்றாள். கையில் ஒரு காகிதம்.

"கோரின் தாயர். மில் ரோடு, வெஸ்ட் ஹார்லோ."

எல்வுட் அந்தக் கணம் வரை அதை நினைக்கவே இல்லை. வாடகை மலிவு என்று அவள் ஆற்றுக்கு அந்தப் பக்கம் அடுத்த ஊருக்குக் குடிபோய் இரண்டு வருடம் ஆகிறது. இதே ஹாலில் அவள் பள்ளி நாடகத்தில் மரமாக நின்றிருக்கிறாள். அவருக்கு அவள் இன்னும் தன் வீடு இருக்கும் சர்ச் ஹில் ரோட்டுப் பெண்.

"அது ஆத்துக்கு அந்தப் பக்கம்" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"நம்ம எல்வுட் பொண்ணுய்யா!"

"யார் பொண்ணா இருந்தா என்ன? அந்தக் கோட்டுக்காரனுக்கு ஒரு நியாயம், இவளுக்கு ஒரு நியாயமா?"

பிரதிநிதியின் ஆள் குனிந்து காதில் சொன்னான். "சார், இது எங்க கூட்டம். யார் வேணும்னாலும் பேசலாம். விட்டுடுங்க."

விட்டுவிட்டால் பேசவிடாமல் அனுப்பிய கோட்டுக்காரருக்கு என்ன பதில் சொல்வது? கோரின் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை.

"வெஸ்ட் ஹார்லோக்காரர் பேச அனுமதிக்கிறவங்க கை தூக்கலாம்."

கைகள் எழுந்தன.

"கூடாதுங்கறவங்க."

கைகள் எழுந்தன. அவளைத் தூக்கி வளர்த்த கைகளும் அதில் இருந்தன.

எது அதிகம் என்று கண்ணுக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றால் எண்ண வேண்டும். பனி லாரிக்குக்கூட அவர் எண்ணியிருக்கிறார். இப்போது எண்ணினால், மகளுக்காக எண்ணுகிறான் என்பார்கள். கட்டைவிரல் சுத்தியலின் காம்பைத் தேய்த்தது.

"அனுமதி இல்லை" என்றார். தட்டினார்.

கோரின் காகிதத்தை மடித்தாள். நடுவழியாக நடந்து வெளியே போனாள். கதவு தானாக மூடிக்கொண்டது.

அடுத்து ஒருவர் பேசினார். அதற்கடுத்து ஒரு பெண். யார் எந்தப் பக்கம் பேசினார்கள் என்று எல்வுட்டுக்குப் பின்னால் ஞாபகமில்லை. நேரம் முடிந்தால் தட்டினார். இல்லாதபோதும் ஒருமுறை தட்டிவிட்டார். நாற்காலியில் முன்னால் நகர்ந்தார், பின்னால் நகர்ந்தார். கதவைப் பார்த்தார். அப்புறம் எழுந்து பக்கத்து நாற்காலிக்குச் சுத்தியலை நீட்டினார்.

"லைல், இந்தா."

"என்னய்யா இது?"

"பிடி."

"நான் எந்தப் பக்கம்னு ஊருக்கே தெரியுமே!"

"தெரியும். பிடி."

படியிறங்கி வரிசையின் கடைசியில் நின்றார். முன்னால் நின்றவர்கள் வழிவிடப் பார்த்தார்கள். தலையை ஆட்டி மறுத்தார். ஹாலில் சத்தம் குறைந்திருந்தது. அவர் முறை வந்தபோது லைல் மேடையிலிருந்து, "பேரு, தெரு" என்றார்.

"எல்வுட் தாயர், சர்ச் ஹில் ரோடு. தலைவர் அவர்களே, கொஞ்சம் முன்னால ஒரு ஓட்டை நான் தப்பா அறிவிச்சேன். சரிசமமாத் தெரிஞ்சது. எண்ணல."

இரண்டு பக்கமும் எழுந்துவிட்டன.

"அப்ப போன வருஷ லாரி ஓட்டு?" என்று யாரோ கேட்டார்கள்.

"பொண்ணுக்காக இறங்கிட்டார் பாரு!"

"பொண்ணையே வெளிய அனுப்பினவர்யா அவர்" என்று மேவிஸ் கத்தினாள். அது அவருக்கு ஆதரவாகச் சொன்னதா என்று யாருக்கும் விளங்கவில்லை.

லைல் தட்டித் தட்டி அடக்கினார். "எல்வுட், அதுக்கப்புறம் வேற ஆளுங்களைக் கூப்பிட்டுப் பேசியாச்சு. பழைய ஓட்டைத் திறக்க முடியாது. நீ சொல்லிக்கொடுத்ததுதான்."

"சரிதான்."

"இன்னும் ஒரு நிமிஷம் இருக்கு உனக்கு."

கோரினின் காகிதத்தில் என்ன எழுதியிருந்தது என்று அவருக்குத் தெரியாது. பிரதிநிதியைப் பார்த்துத் திரும்பினார். "என் பொண்ணுக்கு உடம்பு சரியில்ல. உடம்பு சரியில்லைங்கறதாலயே எந்தக் கம்பெனியும் எடுக்க மாட்டேங்குது. மருந்தைத் தள்ளிப் போட்டுக்கிட்டே இருக்கா. இந்தச் சட்டம் வேணும்னா வேணும்னு சொல்லுங்க. வேண்டாம்னா, அவளுக்கு வேற என்ன வழின்னு சொல்லுங்க."

பிரதிநிதி எழுந்தார். இப்படிப்பட்ட குடும்பங்களின் வேதனை தனக்கு நன்றாகப் புரிகிறது என்றார். இரு கட்சியும் உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம் என்றார்.

லைல் சுத்தியலைத் தட்டினார். "அவர் கேட்டது அது இல்லையே. வேணுமா, இல்ல வேற வழியா?"

"பரிசீலித்துக்கொண்டிருக்கிறோம்" என்றார் பிரதிநிதி.

இரண்டு பக்கமும் ஒன்றாகக் கூச்சல் போட்டன. எல்வுட் வெளியே போனார்.

கோரின் காரில் உட்கார்ந்திருந்தாள். என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடியை இறக்கினாள்.

"முடிஞ்சதா?"

"இல்ல. நான் இறங்கிட்டேன். லைல் நடத்தறான்."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "எதுக்கு?"

"உன் ஓட்டை நான் எண்ணல. அதைச் சொன்னேன். அப்புறம் பிரதிநிதிகிட்ட கேட்டேன்."

"என்ன சொன்னார்?"

"பரிசீலிக்கறாங்களாம்."

அவள் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டாள். உள்ளே யாரோ மைக்கில் கத்துவது கேட்டது.

"எண்ணியிருந்தா நான் பேசியிருப்பேனா?"

"தெரியாதும்மா."

"மார்ச்ல உன்னை மறுபடி எடுக்க மாட்டாங்க."

"மாட்டாங்க."

"அடுத்த செவ்வாய் அவர் எங்க ஊருக்கு வர்றார்" என்றாள். "அங்க நான் உள்ளூர். யாரும் ஓட்டுக்கு விட முடியாது."

"நானும் வரேன்."

"நீ அங்க வெளியூர்க்காரன்."

"பேச மாட்டேன். பின்னால உக்காந்துக்கறேன்."

அவள் கியரைப் போட்டாள், மறுபடி நிறுத்தினாள்.

"சீக்கிரம் வா" என்றாள். "எங்க ஹால் சின்னது. உக்கார இடம் கிடைக்காது."