குழிமூடித் திரையின் உதவிப் பக்கம்

பேயைப் பார்த்தேன், குரல் கேட்டேன் என்று யாராவது சொல்ல வந்தால், அது என்ன கிழமை என்பதைத்தான் நான் முதலில் கேட்பேன். பெரும்பாலான கதைகள் அங்கேயே படுத்துவிடும். மணவாள நகரில் எங்கள் தெருக்காரர் ஒருவர், அமாவாசை இருட்டில் தண்டவாளத்தின் ஓரம் வெள்ளைச் சேலை ஒன்று தனியாக நடந்து போனதைக் கண்டதாகப் பல காலம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் பழைய பஞ்சாங்கத்தை எடுத்து, அவர் சொல்லும் நாள் வளர்பிறை சப்தமி என்று காட்டினேன். அதிலிருந்து அவர் என்னோடு பேசுவதில்லை. நாட்குறிப்பு எழுதும் பழக்கம் எனக்குக் கல்லூரி நாளிலிருந்து உண்டு. மழை எத்தனை மணிக்குப் பிடித்தது, எப்போது விட்டது, எந்த ரயில் எவ்வளவு தாமதம் என்பதெல்லாம் அதில் இருக்கும். கல்வெட்டுப் புத்தகமானாலும் பயண நூலானாலும், தேதி தப்பாக இருந்தால் ஓரத்தில் திருத்தி வைத்துவிட்டுத்தான் மேலே படிப்பேன். அப்படிப்பட்டவன் சொல்லும் கதை இது, நீங்களும் கிழமை கேட்கலாம். ஆவணி மாதத்து வியாழக்கிழமை, பட்டப்பகல், ஒன்று ஐம்பது.

என் வேலையைப் பற்றிச் சொன்னால்தான் விஷயம் புரியும். கம்ப்யூட்டரில் ஒரு மென்பொருளைத் திறந்து வைத்துக்கொண்டு, எது எதற்கு என்று தெரியாமல் எஃப்-1 விசையை அழுத்தினால் ஒரு உதவிப் பக்கம் திறக்குமல்லவா, அந்தப் பக்கங்களை எழுதுகிறவன் நான். தொழிற்சாலை உலைகளை இயக்கும் மென்பொருள் ஒன்றைச் செய்யும் சிறிய நிறுவனத்தில் இருக்கிறேன். உதவிப் பக்கங்களைத் தமிழில் எழுத வேண்டும் என்று சண்டை போட்டு வாங்கியவனும் நானே. மென்பொருளின் ஒவ்வொரு திரைக்கும் ஒரு எண் உண்டு. எஃப்-1 அழுத்தியதும் அந்த எண் உதவிக் கோப்புக்குப் போகும், கோப்பு தன் பட்டியலைப் பார்த்து அந்த எண்ணுக்குரிய பக்கத்தை எடுத்துக் காட்டும். அவ்வளவுதான் மந்திரம். எல்லாப் பக்கங்களையும் கட்டி ஒரே கோப்பாக என் மேசையில்தான் முத்திரை வைப்பேன். அதன் பிறகு ஒரு கால்புள்ளியைச் சேர்க்க வேண்டுமானாலும் திரும்பவும் என் மேசைக்கு வந்தாக வேண்டும். தொழிற்சாலைக் கம்ப்யூட்டருக்கு இணையத் தொடர்பும் கிடையாது.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். எங்கள் தொழிலில் எழுதி முடிக்காத பக்கத்துக்கு ஒரு வரி போட்டு வைப்போம்: ‘இந்தப் பக்கம் தயாராகிக்கொண்டிருக்கிறது.’ எண்ணுக்கு ஏதாவது ஒரு பக்கம் இருக்க வேண்டுமே, அதற்காக. பிறகு எழுதலாம் என்று விடுவோம், பிறகு என்பது வரவே வராது. உலைக்குழியின் மூடியைத் தனியாக ஓட்டிப் பார்க்கும் குழிமூடி-கைமுறை என்ற திரைக்கு நான் அப்படித்தான் செய்திருந்தேன். அது எப்போதாவது சோதனைக்கு மட்டும் திறக்கும் திரை, அங்கே யார் சார் எஃப்-1 அழுத்தப்போகிறார்கள் என்று மென்பொருள் எழுதுகிறவர்கள் சொன்னார்கள். எனக்கும் சோம்பல். விட்டுவிட்டேன்.

அந்த வியாழக்கிழமை கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கம்பிச் சுருள்களைப் பதப்படுத்தும் ஆலை ஒன்றுக்கு மென்பொருளின் புதிய பதிப்பை நிறுவப் போயிருந்தேன். வாசலில் செக்யூரிட்டி கைப்பேசியை வாங்கிப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டார். உள்ளே யாரும் படம் எடுக்கக் கூடாது. இதைக் குறித்துக்கொள்ளுங்கள், ஏன் ஒரு போட்டோ எடுக்கவில்லை என்று பிறகு நீங்கள் கேட்பீர்கள்.

அங்கே உலை என்பது தரைக்குள் இறக்கிய குழி, இரண்டு ஆள் ஆழம். சுருள்களைக் கிரேனில் இறக்கிவிட்டு, தண்டவாளத்தில் ஓடிவரும் கனத்த மூடியால் மூடுவார்கள். மூடியதும் உலை தானாகச் சூடேறத் தொடங்கும். உள்ளே இரும்பு துருவேறாமலிருக்க நைட்ரஜன் விடுவார்கள். அதற்கு நிறம் இல்லை, வாசனை இல்லை. குழிக்குள் கசிந்து தேங்கினால் இறங்குகிறவருக்குத் தெரியவே தெரியாது, தலை கிறுகிறுப்பதை உணர்வதற்குள் ஆள் சாய்ந்துவிடுவார். அதனால் குழிக்குள் இறங்குகிறவர்கள் பெயர் பொறித்த பித்தளை டோக்கனைச் சுவர்ப் பலகையில் மாட்டிவிட்டுத்தான் இறங்க வேண்டும். பலகை காலி என்றால் குழி காலி. நல்ல ஏற்பாடு, ஒரே ஒரு ஓட்டை: டோக்கன் நிரந்தரத் தொழிலாளிகளுக்கு மட்டும். காண்ட்ராக்ட் ஆட்களுக்குக் கிடையாது.

உலையை இயக்கும் பேனல் அறையில் ஸ்டீபன் இருந்தார். கவரைப்பேட்டைப் பக்கத்துக்காரர், நாற்பது வயது, உலை மென்பொருளைப் பத்து விரலாலும் ஓட்டுகிறவர். நான் உதவிப் பக்கம் எழுதுகிறவன் என்று தெரிந்ததும் அவருக்குச் சிரிப்பு.

“நீங்கதானா சார் அது? இத்தினி வருசத்துல நான் ஒரு தபாகூட எஃப்-1 அமுக்கினதில்ல. அமுக்கினா சிஸ்டம் பேஜாரு பண்ணும்னு பழைய ஆபரேட்டரு சொல்லிட்டுப் போயிட்டாரு.”

“நான் எழுதியதை ஒருவர்கூடப் படித்ததில்லையா?”

“கோச்சிக்காத சார். நாஷ்டா துன்ன நேரமே இல்ல, இதுல எங்க படிக்கிறது?”

புதிய பதிப்பை நிறுவியதும் நான் செய்கிற வேலை ஒன்று உண்டு. திரை திரையாகத் திறந்து எஃப்-1 அழுத்தி, வந்த பக்கத்தின் தலைப்பை நோட்டில் எழுதி டிக் போடுவேன். மதியத்துக்குள் முப்பத்தொரு திரைகள் முடிந்தன. ஆட்கள் சாப்பாட்டுக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். அப்போது சூப்பர்வைசர் முனிரத்தினம் வந்தார், ஆந்திர எல்லையோரத்துக்காரர், பேச்சுக்குப் பேச்சு நைனாதான்.

“இன்னா நைனா, இன்னும் உலைய மூடலையா? ரெண்டு மணிக்கு ஹீட்டிங் போடணும். சுருள் உள்ள எறக்கிக் காத்துக்கினு கீது.”

“மூடி டிரையல் ஒண்ணுதாண்ணே பாக்கி,” என்று ஸ்டீபன் குழிமூடி-கைமுறைத் திரையைத் திறந்தார். பலகையை எட்டிப் பார்த்தார், ஒரு டோக்கன்கூட இல்லை. மூடு என்ற பொத்தானுக்கு அம்பைக் கொண்டுபோனார். நான், ஒரு நிமிடம், எனக்கு ஒரு டிக் பாக்கி என்று சொல்லிக் கையை நீட்டி எஃப்-1 அழுத்தினேன். என்ன வரும் என்று எனக்குத் தெரியும். தயாராகிக்கொண்டிருக்கிறது என்ற அந்த ஒரு வரி.

முழுப் பக்கம் வந்தது.

எனக்கு முதலில் வந்தது கோபம். பயமெல்லாம் இல்லை. அலுவலகத்தில் யாரோ என்னைக் கேட்காமல் பக்கத்தைச் சேர்த்துவிட்டார்கள் என்று நினைத்தேன். அதைவிட, என் நடையை அப்படியே காப்பியடித்திருந்தார்கள். நான் எழுதும் அதே அளவு வாக்கியங்கள், எச்சரிக்கைக்கு மேலே நான் இழுக்கும் அதே நீளமான கோடு. திரும்பிப் போய்ச் சண்டை போடச் சாட்சி வேண்டுமே என்று நோட்டில் வரிக்கு வரி எழுதத் தொடங்கினேன். அந்த நோட்டு என்னிடம் இருக்கிறது, நேரில் வந்தால் காட்டுகிறேன்.

1. டோக்கன் பலகையை மட்டும் நம்பி மூடக் கூடாது.

2. குழியின் விளிம்புக்குப் போய் மூன்று முறை உரக்கக் கூப்பிடவும்.

3. பதில் வராததால் உள்ளே ஆள் இல்லை என்று கொள்ளக் கூடாது.

4. காற்றூதியை (புளோயர்) ஓடவிடாமல், இடுப்பில் கயிறு கட்டாமல், எவரும் இறங்கக் கூடாது.

5. வெளியே எடுத்தவரைக் காற்றோட்டமுள்ள இடத்தில் ஒருக்களித்துக் கிடத்தவும்.

ஐந்தாவதை எழுதிவிட்டு மறுபடியும் படித்தேன். முதல் நாலும் பொதுவான எச்சரிக்கை, எந்தத் தொழிற்சாலைக்கும் பொருந்தும். ஐந்தாவதில் ஒருவரை ஏற்கெனவே வெளியே எடுத்தாகிவிட்டது. யாரை? ஸ்டீபன் என் தோளுக்கு மேலாகக் குனிந்து உதடசைத்துப் படித்துக்கொண்டிருந்தார், அவர் மூச்சு என் காதில் பட்டது. நான் ஆறு என்று போட்டுப் புள்ளி வைத்தேன்.

“இன்னா சார், பரீச்சையா எழுதுற?” என்று முனிரத்தினம் குறுக்கே கை நீட்டி மவுஸைப் பிடித்தார், உதவிப் பக்கத்தை மூடினார், அம்பு மறுபடியும் மூடு பொத்தானின் மேல் போய் நின்றது.

“அழுத்தாதீங்க!” என்று நான் கத்தியது எனக்கே வேறு யாரோ கத்தியது போலிருந்தது. “உள்ளே ஆள் இருக்கு.”

“யாரு கீறாங்க? போர்டு காலியா கீது. சார், வெயில்ல வந்தீங்களே, தண்ணி குடிச்சீங்களா?”

ஒரு பக்கத்தில் படித்தேன், அந்தப் பக்கத்தை நான் எழுதவில்லை என்றா சொல்வது? ஆனால் அதற்குள் ஸ்டீபன் எழுந்து ஓடியிருந்தார். நானும் பின்னால் ஓடினேன். குழி விளிம்பில் நின்று, “யாருப்பா உள்ள?” என்று மூன்று முறை கத்தினார். குழி சத்தத்தை வாங்கிக்கொண்டு சும்மா இருந்தது. பின்னால் வந்த முனிரத்தினம் கைதட்டிச் சிரித்தார். “பாத்தியா நைனா? காத்துகிட்ட பேசிக்கினு கீற.”

ஸ்டீபன் சிரிக்கவில்லை. பதில் வராததால் என்று தொடங்கும் மூன்றாவது வரியை முணுமுணுத்தபடி தரையில் படுத்து, டார்ச்சைச் சுருள்களுக்கும் சுவருக்கும் நடுவிலிருந்த இடுக்கில் அடித்தார். ஒரு செருப்பு தெரிந்தது. செருப்புக்குள் கால் இருந்தது.

“ஐயோ, நம்ம ஏழுமலைடா!” என்று அப்படியே குதிக்கப் போனவரை நான் சட்டையைப் பிடித்து இழுத்தேன், சட்டை கிழிந்தது. புளோயர், கயிறு, புளோயர், கயிறு என்று கத்திக்கொண்டே இருந்தேனாம், பிறகு சொன்னார்கள். புளோயரை ஓடவிட்டு, ஸ்டீபன் கயிறு கட்டி இறங்க, ஏழுமலையை மேலே தூக்கியபோது மணி இரண்டு ஐந்து. ஒருக்களித்துக் கிடத்தினோம். முகம் சாம்பல் நிறத்தில் இருந்தது. முனிரத்தினம் அவர் கன்னத்தைத் தட்டித் தட்டி, “கண்ண தொற நைனா, கண்ண தொற” என்று அழுதார். ஆம்புலன்ஸ் வருவதற்குள் ஏழுமலை ஒரு முறை இருமினார். இருமல் சத்தம் அவ்வளவு இனிமையாக இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது.

ஏழுமலை காண்ட்ராக்ட் ஃபிட்டர், பொதட்டூர்பேட்டைக்காரர், கும்மிடிப்பூண்டியில் அறை எடுத்துத் தனியாகத் தங்கியிருந்தார். சாப்பாட்டு நேரம் முடிகிறபோது, குழிக்குள் விழுந்த ஸ்பானரை எடுப்பது இரண்டு நிமிட வேலைதானே என்று யாரிடமும் சொல்லாமல் இறங்கியிருக்கிறார். எங்கோ ஒரு வால்வு லேசாகக் கசிந்திருக்கிறது. மூடி மூடியிருந்தால் உலை அவரோடு சூடேறியிருக்கும். ஸ்டீபன் குதித்திருந்தால் இரண்டு பேர்.

இரண்டே முக்காலுக்கு நான் பேனல் அறைக்குத் திரும்பி, அதே திரையில் எஃப்-1 அழுத்தினேன். ‘இந்தப் பக்கம் தயாராகிக்கொண்டிருக்கிறது.’ மூடித் திறந்து அழுத்தினேன், கம்ப்யூட்டரையே அணைத்துப் போட்டு அழுத்தினேன். அதே வரி. கோப்பின் அளவு, உருவான தேதி, நேரம் எல்லாம் என் பென் டிரைவில் இருந்த கோப்போடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போயின. அலுவலகத்தில் யாரும் எதையும் சேர்க்கவில்லை. நானே எப்போதோ எழுதி மறந்துவிட்டேனா என்று பழைய வரைவுகள் எல்லாவற்றையும் புரட்டினேன், இல்லை. வெயிலில் என் மூளை கண்ட காட்சி என்று நீங்கள் சொல்லலாம், நானும் சொல்லிப் பார்த்தேன், ஆனால் ஸ்டீபனும் படித்தாரே. முனிரத்தினத்தைக் கேட்டபோது அவர் சொன்னது இன்னும் குழப்பம்: “எனக்கு ஒரு வரிதான் தெரிஞ்சுது சார். அத்தப் பாத்துக்கினு நீங்க பக்கம் பக்கமா எழுதினீங்க. அதான் பயந்துபோய்ச் சட்டுனு மூடினேன்.”

அடுத்த பதிப்பில் அந்தப் பக்கத்தை எழுதினேன். வேறு என்ன செய்வது, நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதிலிருந்தே எழுதினேன், ஒரு சொல்கூட மாற்றத் தோன்றவில்லை. ஐந்தோடு முடித்தேன். காண்ட்ராக்ட் ஆட்களுக்கும் இப்போது டோக்கன் உண்டு.

ஏழுமலை பிழைத்துக்கொண்டார். ஒரு மாதம் கழித்து வேலைக்குத் திரும்பினார், ஸ்டீபன் ஷிப்டிலேயே பேனல் அறையில் லேசான வேலை கொடுத்திருக்கிறார்கள். பொங்கல் கழிந்த ஒரு திங்கட்கிழமை காலை, ஏழே காலுக்கு, எனக்குப் போன் செய்தார். நலம் விசாரித்தார், நான் விசாரித்தேன். பிறகுதான் விஷயத்துக்கு வந்தார்.

“சார், அந்தப் பக்கத்துல ஆறாவதா ஒண்ணு இருந்துச்சாமே. நீங்க எழுதாம உட்டுட்டீங்களாம். இன்னா சார் அது?”

“நான் படிக்கவில்லை ஏழுமலை. அதற்குள் பக்கத்தை மூடிவிட்டார்கள். ஸ்டீபன் படித்திருப்பார், கேளுங்களேன்.”

“கேட்டுட்டேன் சார். வாய் தவறி ஆறு இருந்துச்சுன்னு சொன்ன அண்ணனே, இன்னா அதுன்னு கேட்டா ஞாபகம் இல்லன்னு பேச்ச மாத்துது. ஆனா நான் வேலைக்குத் திரும்பின நாள்லேர்ந்து தெனம் வண்டில என்ன ரூம் வரைக்கும் கொண்டாந்து உடுது. வேணாம்ணே, ஊட்டுக்குப் போன்னா கேக்க மாட்டேங்குது. அது கூட பரவால்ல சார்.” குரலைத் தாழ்த்தினார். “நான் உள்ள போன அப்பறமும் அண்ணன் கதவப் புடிச்சிக்கினு ஓரமா ஒதுங்கி நிக்குது. இன்னொரு ஆளுக்கு வழி உடுற மாதிரி. அப்பறந்தான் சாத்துது.”