புள்ளி விழுந்த தட்டு

காலை 8.10. வேப்பூர் கூட்ரோட்டில் விருத்தாசலம் பஸ் ஏறினேன். டிக்கெட் இருபத்தைந்து ரூபாய், தூரம் இருபது கிலோமீட்டர் சொச்சம். இதற்கெல்லாமா பயணக் கட்டுரை என்று கேட்பீர்கள். நான் எட்டாவதோடு நின்றவள். ஹைவேயில் எங்கள் பரோட்டா கடையில்தான் நாள் முழுக்க இருப்பேன். ஊரெல்லாம் எங்கள் கடை வழியாகப் போகும், நான் எங்கும் போனதில்லை. அதனால் எனக்கு இது தூரம்தான்.

போன காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் அண்ணன் குமார் குட்டி யானை என்கிற சின்ன லோடு வண்டி ஓட்டினான். விருத்தாசலம் தொழிற்பேட்டையில் செராமிக் பொம்மை, கப்பு, சாசர் ஏற்றிக்கொண்டு வெளியூர் போவான். ரெண்டு மாதத்துக்கு முன்னால் மஞ்சள் காமாலை வந்து இறந்துபோனான். ஆஸ்பத்திரியில் கடைசியாகத் தெளிவாகப் பேசிய அன்று, பேட்டையில் மலர் அக்காவிடம் ஒரு தட்டு செய்யச் சொல்லியிருக்கிறேன், அதை வாங்கிக் கடையில் மாட்டு என்றான். அதற்கான ஆணியை அவனே கல்லாவுக்கு மேலே அடித்து வைத்திருந்தான். ரெண்டு மாதமாக அந்த வெறும் ஆணியைப் பார்த்துக்கொண்டே பரோட்டா போட்டுக்கொண்டிருந்தேன். அதுதான் கிளம்பிவிட்டேன்.

அது சாதாரணத் தட்டு இல்லை. லோடு ஏற்றும் வரைக்கும் அண்ணன் வண்டியில் உட்கார்ந்து போனில் பிரபஞ்சம் பற்றிய வீடியோவாகப் பார்ப்பான். பார்த்ததை எல்லாம் மாவு பிசையும்போது என் காதில் ஊற்றுவான். ஒருநாள் முட்டை வடிவத்தில் ஒரு படம் காட்டினான். நீலமும் ஆரஞ்சுமாகப் படம் முழுக்கப் புள்ளி. இதுதான் உலகத்திலேயே பழைய வெளிச்சம், கிளம்பி ஆயிரத்து முந்நூற்று எண்பது கோடி வருஷம் ஆகுது என்றான். அம்மை போட்ட முட்டை மாதிரி இருக்கிறது என்றேன். அவனுக்குக் கோபம் வரவில்லை. அந்தப் புள்ளி என்பது ஒரு இடத்தில் துளி சூடு கூட, ஒரு இடத்தில் துளி குறைச்சல், அவ்வளவுதானாம். அந்தத் துளி வித்தியாசம் இருந்ததால்தான் அங்கங்கே பொருள் திரண்டு நட்சத்திரக் கூட்டம் ஆனது, சூரியன் ஆனது, நாம் ஆனோம். எல்லாம் ஒரே வழவழப்பாக இருந்திருந்தால் ஒன்றுமே உண்டாகியிருக்காதாம். அந்தப் படத்தைத்தான் தட்டில் வரையச் சொல்லியிருந்தான்.

9.00. பஸ் ஸ்டாண்டு. இறங்கியதும் டீ, பன்னிரண்டு ரூபாய், எங்கள் கடை டீ நல்லது. பேட்டைக்கு ஆட்டோ நூறு ரூபாய் கேட்டார்கள். எழுபதுக்கு ஒருவர் வந்தார். பழமலைநாதர் கோபுரத்தைக் காட்டி, சாமி பார்க்கலியாம்மா என்று கேட்டார். முதலில் தட்டு, அப்புறம் சாமி என்றேன். தட்டு வாங்க வேப்பூரிலிருந்து ஆளு வருதா, அங்கே பாத்திரக் கடையே இல்லையா என்று சிரித்தார். படத்தைப் பற்றிச் சொன்னேன். உலகம் இன்னும் விரிந்துகொண்டே போகிறது என்றும், அது எவ்வளவு வேகம் என்று ரெண்டு வழியில் அளந்தால் ரெண்டு கணக்கு வருகிறது, ஏன் என்று பெரிய படிப்பு படித்தவர்களுக்கே பிடிபடவில்லை என்றும் அண்ணன் சொன்னதைச் சொன்னேன். அவர் தன் மீட்டரைத் தட்டிக் காட்டினார்.

"இதுவும் அப்படித்தாம்மா. நான் ஒண்ணு சொல்லுவேன், மீட்டரு ஒண்ணு சொல்லும்."

9.30. பேட்டை. நான் போன யூனிட் ஒரு நீளமான ஷெட். உள்ளே எல்லாம் வெள்ளை. தரை வெள்ளை, ஆட்களின் முடியெல்லாம் வெள்ளை. மண்ணைத் தயிர் மாதிரி கரைத்து அச்சுக்குள் ஊற்றுகிறார்கள். அச்சு தண்ணீரை உறிஞ்சிக்கொள்ள, ஓரத்தில் தோல் மாதிரி மண் படிகிறது. மிச்சத்தைக் கவிழ்த்துவிட்டால் உள்ளே வெறுமையாக ஒரு பிள்ளையார். சூளையில் சுட்டால் பத்தில் ஒரு பங்கு சுருங்கிவிடுமாம். அதற்காகவே அச்சைப் பெரிதாகச் செய்கிறார்கள்.

மலர் அக்கா பெயிண்டிங் செக்‌ஷனில் இருந்தார். நான் யார் என்று சொன்னதும் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு தட்டைச் செய்து, புள்ளி புள்ளியாக மூணு நாள் வரைந்து, சூளைக்கு அனுப்பிவிட்டதாகச் சொன்னார். பச்சை மண்ணாக இருந்தபோது அண்ணன் அவரிடம் ஊக்கு வாங்கிப் பின்பக்கம் ஏதோ எழுதினானாம். அவர் படிக்கவில்லையாம். சூளை பிரித்த அன்று மகளுக்குக் காது குத்து என்று லீவு போட்டுவிட்டார். மறுநாள் வந்து பார்த்தால் தட்டு இல்லை, அண்ணனே வந்து வாங்கிப் போய்விட்டான் என்று இருந்துவிட்டாராம்.

"வெநாயகம் அண்ணனைத்தான் கேக்கணும்," என்றார்.

விநாயகம் அண்ணன் மால் பிரிக்கிறவர். சூளையிலிருந்து வரும் ஒவ்வொன்றையும் விரலால் சுண்டிச் சத்தம் கேட்பார், திருப்பிப் பார்ப்பார். விரிசல் இருந்தாலோ ஒரு புள்ளி விழுந்திருந்தாலோ செகண்ட்ஸ். அது பின்பக்கக் குவியலுக்குப் போய்விடும். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். இருபது வருஷமாகத் தன் கையைத் தாண்டி ஒரு புள்ளி வெளியே போனதில்லை என்பது அவருக்குப் பெருமை.

"முட்டை மாதிரி ஒரு தட்டு வந்துது," என்றார் அவர். "கலர் எல்லாம் செதறிப் போயி கெடந்துது. ஒரு புள்ளி இருந்தாலே தள்ளிடுவேன். அதுல ஆயிரம் இருந்துதும்மா."

மலர் அக்கா தலையில் அடித்துக்கொண்டார். "யோவ், மூணு நாள் குந்தி வச்சேன்யா அந்தப் புள்ளிய."

மூணு பேரும் குவியலுக்குப் போனோம். தும்பிக்கை இல்லாத பிள்ளையார், ஒரு கை சரஸ்வதி, காது போன கப்பு. மதியம் ஒன்று வரைக்கும் கிளறினோம். தட்டு இல்லை. விநாயகம் அண்ணன் முகம் சுருங்கிவிட்டது. இதற்குத்தானே வந்தோம், அந்த ஆணிக்கு இனி என்ன சொல்வது என்று நினைத்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. பிள்ளையார் குவியலில் உட்கார்ந்து அழுதேன், சொல்ல என்ன வெட்கம்.

1.15. பெண்கள் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தார்கள். என்னையும் உட்காரவைத்து மலர் அக்கா தன் டப்பாவில் பாதி புளிசாதம் போட்டார். பேச்சு அண்ணனைப் பற்றியே போனது. இந்த உலகத்தில் கண்ணுக்குத் தெரிவது நூற்றுக்கு அஞ்சு பங்குதான், மிச்சம் என்ன என்றே யாருக்கும் தெரியாது என்று அவன் இவர்களிடமும் சொல்லியிருக்கிறான். ஒரு அக்கா, என் வூட்டுக்காரர் சம்பளமும் அப்படித்தான், மிச்சம் எங்க போவுதுன்னே தெரியாது என்றார். எல்லாரும் சிரித்தோம். எனக்குப் புரையேறிவிட்டது.

தண்ணீர் குடிக்கப் போனேன். மண் பானை. மூடி மேல் டம்ளர் கவிழ்ந்திருந்தது. மூடியின் ஓரத்தில் ரெண்டு ஓட்டை. மூடிக்கு எதற்கு ஓட்டை? கம்பி கோத்து மாட்டுவதற்கு என்றால்?

டம்ளரை எடுத்தேன். அது மறைத்திருந்த இடத்தில், சுருங்கிப்போன சின்ன எழுத்தில், அண்ணன் கையெழுத்து.

'தமிழ் கேட்டது: எதுக்குள்ள விரியுது?'

தமிழ்ச்செல்வி, நான்தான். உலகம் விரிகிறது என்று அவன் முதன்முதலாகச் சொன்னபோது நான் கேட்ட கேள்வி அது. பரோட்டா விரிகிறது என்றால் கல் வேண்டும், உலகம் எதற்குள் விரியும் என்று கேட்டேன். எதற்குள்ளும் இல்லை, இடமே விரியுதாம் என்றான். அது ஒரு பதிலா என்றேன். யோசித்துவிட்டு, இல்லைதான் என்றான்.

திருப்பினேன். மறுபக்கம் நீலமும் ஆரஞ்சுமாகப் புள்ளிகள், பானைக் குளிர்ச்சியில் வேர்த்திருந்தன. குவியலிலிருந்து நல்ல மூடியாக இருக்கிறதே என்று எடுத்து வந்தது, சம்பளக் கதை சொன்ன அதே அக்காதான்.

"தெனமும் தேங்கா நாரு போட்டுத் தேச்சேன் பாப்பா," என்றார் பாவமாக. "ஒரு புள்ளிகூடப் போவல."

"அந்தச் சூட்டுல சுட்டது போவுமா?" என்றார் மலர் அக்கா.

விநாயகம் அண்ணன் தட்டை வாங்கி விரலால் சுண்டினார். கணீர் என்றது. சத்தத்துக்குக் குறை இல்லை, ஆனால் தன் கண்ணுக்கு இது செகண்ட்ஸ்தான் என்று சொல்லிவிட்டு, வைக்கோல் சுற்றி, பேப்பர் சுற்றி, தன் துண்டையும் சுற்றிக் கொடுத்தார். போயிட்டு வரேன் என்று எல்லாரிடமும் சொன்னேன். பானைக்கு வேறு மூடி தேடிக்கொண்டிருந்தார்கள்.

3.40. திரும்பி வரும் பஸ். சாமி பார்க்கவில்லை, பஸ் ஜன்னலிலிருந்து கோபுரத்துக்கு ஒரு கும்பிடு. தட்டு மடியில். நான் பார்த்த ஒரே வெளியூர் விருத்தாசலம். எங்கள் ஊரை விட அங்கே தூசு அதிகம், சிரிப்பும் அதிகம்.

4.45. கடை. கம்பி கோத்து ஆணியில் மாட்டினேன். சரியாக இருந்தது. முதலில் பார்த்தவர் வழக்கமாக வரும் லாரி டிரைவர் அண்ணன். என்ன தட்டு முழுக்கப் புள்ளி, செகண்ட்ஸா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அந்தப் புள்ளி விழவில்லை என்றால் நீங்களும் இல்லை, உங்கள் லாரியும் இல்லை, இந்த சால்னாவும் இல்லை என்று என் அண்ணன் சொன்னதை எல்லாம் சொன்னேன். விரிந்துகொண்டே போவதையும் சொன்னேன். அவர் பரோட்டாவைப் பிய்ப்பதை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் தட்டையே பார்த்தார்.

"விரியுதுன்னா, எதுக்குள்ளம்மா விரியுது?"

நான் கையைத் துடைத்துக்கொண்டு, ஆணியிலிருந்து தட்டை எடுத்து, திருப்பி அவரிடம் காட்டினேன்.