ஞாயிறு மத்தியானத்து மால்பெக்

சீகிரியாவுக்குப் போகும் பாதையில் இருக்கிற ஒரு ஹோட்டலில் வைன் பகுதி என் பொறுப்பில் இருக்கிறது. எல்கடுவைத் தேயிலைத் தோட்டத்து லயத்துக் காம்பராவில் பிறந்த பொம்பளை இந்த வேலைக்கு எப்படி வந்தாள் என்று கேட்காத விருந்தாளிகள் குறைவு. சாப்பாட்டு மண்டபத்தில் தட்டு எடுக்கத்தான் நான் சேர்ந்தேன். ஒருநாள் ஒரு கிளாஸை மோந்து பார்த்து, இது கெட்டுப் போயிருக்கிறது என்று சொன்னேன். அப்போதிருந்த மேனேஜர் அதை மறக்கவில்லை. கொழும்பில் நடந்த ஒரு வகுப்புக்கு என்னை அனுப்பி வைத்தார். வைனை வாயில் உருட்டித் துப்பவும், துப்பியதைப் பற்றி ஒழுங்காக நாலு வரி எழுதவும் அங்கேதான் படித்தேன்.

என் வீட்டுக்காரர் டீமேக்கர். எல்கடுவைப் பக்கத்து பெக்டரி ஒன்றில், தினமும் வெள்ளைக் கோப்பைகளை வரிசையாக வைத்துச் சாயம் ஊற்றி, கரண்டியால் உறிஞ்சித் துப்பி, அன்றைய தேயிலை எப்படி என்று தீர்மானிப்பவர். நாங்கள் மாத்தளைக்குப் பக்கத்தில் உக்குவளையில் வாடகை வீட்டில் இருந்தோம். அவர் மலைக்கு ஏறுவார், நான் தம்புள்ளை பஸ்ஸில் வெயிலுக்கு இறங்குவேன். இரண்டு பேரும் வீட்டில் இருப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும்.

ஒரு வருஷம் எங்கள் ஹோட்டலுக்கு அர்ஜென்டினாவிலிருந்து மால்பெக் என்கிற சிவப்பு வைனில் நாலு வகை மாதிரிக்கு வந்தது. மூன்று, மலை உச்சியை ஒட்டிய தோட்டங்களில் விளைந்தவை. ஒன்று கீழே சமவெளியில் விளைந்தது. நாலையும் ருசித்து, எந்த இரண்டை வாங்கலாம் என்று நான் சொல்ல வேண்டும். பார்த்து முடித்ததும், திறந்த போத்தல் அதிக நாள் தாங்காது, வேண்டுமானால் கொண்டுபோ என்றார் மேனேஜர். பழைய பேப்பரில் சுற்றி இரண்டு போத்தல்களைப் பையில் போட்டுக்கொண்டேன். பஸ்ஸில் சத்தம் வந்துவிடக் கூடாதே என்று மடியிலேயே வைத்திருந்தேன். தோட்டத்துப் பிள்ளை போத்தலோடு போகிறாள் என்று யாராவது சொன்னால் அந்தப் பேச்சு என் அம்மா காதுக்கு என்னை முந்திக்கொண்டு போய்விடும்.

அந்த ஞாயிறு மத்தியானம் சாப்பாட்டுக்கு முன்னால் இரண்டையும் கிளாஸில் ஊற்றினேன். எங்கள் ஊர் வெக்கையில் அப்படியே குடித்தால் சாராய நெடிதான் முதலில் ஏறும். அதனால் கொஞ்ச நேரம் பிரிட்ஜில் வைத்து எடுத்திருந்தேன். என் வீட்டுக்காரர் கிளாஸைத் தொடவில்லை. குசினிக்குப் போய் ஒரு சூப்புக் கரண்டியை எடுத்து வந்தார். வைனை அள்ளி, பெக்டரியில் செய்கிற மாதிரியே, பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி உறிஞ்சினார். நான் சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டேன். அவர் சிரிக்கவில்லை. வாஷ்பேசினில் துப்பிவிட்டு வந்து இரண்டாவதை அள்ளினார்.

"மொதல்ல குடுத்தது கீழ்நாட்டுத் தேயில மாதிரி இருக்கு," என்றார். "கலர் இருக்கு, கனம் இருக்கு. ஆனா வாயில விழுந்ததும் படுத்துக்குது. இது அப்படியில்ல. எந்திரிச்சு நிக்குது."

முதலாவது சமவெளி வைன். இரண்டாவது மலை வைன். எதுவென்று நான் சொல்லியிருக்கவில்லை. வகுப்பில் படித்ததை அவருக்கு விளக்கினேன். உயரத்தில் வெயில் உறைப்பாக விழுவதால் பழத்தின் தோல் தடித்துப் போகும், அதனால் நிறமும் துவர்ப்பும் கூடும். ராத்திரிக் குளிரில் புளிப்பு கரையாமல் நிற்கும். கேட்டுக்கொண்டிருந்தவர், மலையில் கொழுந்து மெதுவாக வளர்வதாலேயே அதற்கு மணம் என்றார். அர்ஜென்டினாவில் நம் நாட்டிலேயே உயரமான பிதுருதலாகலையைவிட உயரத்திலும் திராட்சைத் தோட்டம் இருக்கிறதாம் என்று நான் சொன்னபோது மட்டும் நம்பாமல் என்னைப் பார்த்தார்.

அப்படித்தான் அது எங்கள் பழக்கமானது. ஹோட்டலில் மிச்சமாகும் மால்பெக் ஏதாவது ஞாயிறுகளில் வீட்டுக்கு வரும். இரண்டு பேருமே குடிக்கிற ஆட்களில்லை. ஆளுக்கு நாலைந்து வாய், அதுவும் பாதி துப்பியதுதான். ஆனால் சோறு ஆறிப்போகும் வரை பேசுவோம். புத்தகத்தில் பிளம் என்று இருக்கும். நாங்கள் நாவற்பழம் என்போம். சொக்லட் என்று இருந்தால், மாத்தளையில் வாசலில் காயப்போட்டிருக்கிற கொக்கோக் கொட்டையை நினைத்துக்கொள்வோம். உயரத்து மால்பெக்கில் வயலட் பூ வாசம் வரும் என்று எல்லாப் புத்தகமும் சொல்லும். அந்தப் பூவை நாங்கள் கண்டதே இல்லை. அவர்தான் ஒருநாள் கண்ணை மூடிக்கொண்டு, விடியற்காலையில் கொழுந்து வாட்டுகிற மாடிக்கு ஏறினால் வருகிற வாசம் இது என்றார். அதற்குப் பிறகு விருந்தாளிகளிடம் வயலட் என்று சொல்லும்போதெல்லாம் எனக்கு அவருடைய பெக்டரி மாடிதான் நினைவில் வரும்.

ஒருமுறை ரிவர்ஸ்டன் மலைக்குப் போத்தலைக் கொண்டுபோனோம். மலை வைனை மலையில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. ரத்தோட்டையில் ரொட்டி வாங்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறினோம். மேலே காற்று பேப்பர் கப்பையே பிடுங்கிக்கொண்டு போனது. பனியில் வைன் குளிர்ந்து, மணமே வராமல் வெறும் துவர்ப்பாக இருந்தது. அவர் கப்பை இரண்டு உள்ளங்கைக்குள்ளும் பொத்தி வைத்துக்கொண்டு காத்திருந்தார். கொஞ்சம் கொஞ்சமாக மணம் வந்தது. "பாரு, இப்பதான் பேச ஆரம்பிக்குது," என்று என்னிடம் நீட்டினார். எங்கள் கலியாணப் போட்டோவைவிட அந்த முகம்தான் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

பிறகு உலகத்தையே முடக்கிய அந்தக் காய்ச்சல் நாடு முழுக்க வந்தது. ஹோட்டலை மூடினார்கள். எனக்கும் அவருக்கும் ஒரே கிழமையில் காய்ச்சல், இரண்டு பேருக்கும் வாசனையும் போனது. எனக்குச் சுகமாகிச் சில நாளில் வாசனை திரும்பியது. அவருக்குத் திரும்பவில்லை. கருவாடு பொரித்தாலும் தெரியவில்லை, சாம்பிராணி போட்டாலும் தெரியவில்லை. பெக்டரி திறந்ததும் அவர் நேராகத் தோட்டத்துத் துரையிடம் போய், தன்னால் இனிச் சாயம் பார்க்க முடியாது என்று சொல்லிவிட்டார். மறைத்து ஓட்டியிருக்கலாம், உதவி டீமேக்கர் கெட்டிக்காரன். ஆனாலும் இவர் சொல்லிவிட்டார். கொழுந்து நிறுக்கிற இடத்துக்கு மாற்றினார்கள்.

சில மாதம் கழித்து, ஒருநாள் காலை தேத்தண்ணி குடிக்கும்போது, வாசனை வந்துவிட்டது என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. மறுபடி டீமேக்கராகப் போகலாமே என்றேன். அந்த இடத்தில் இப்போது வேறு ஆள் இருக்கிறான், தனக்கும் டீமேக்கரின் ராத்திரி வேலை அலுத்துவிட்டது என்றார். நான் நம்பினேன். நம்ப வேண்டும் என்று இருந்தது.

ஹோட்டலும் திறந்தது. இறக்குமதி நின்றுபோயிருந்ததால் பழைய இருப்பைத்தான் சிக்கனமாக விற்றோம். ஞாயிறு மால்பெக்கும் திரும்ப வந்தது. இப்போது யோசிக்கும்போது எல்லாம் தெரிகிறது. முன்பு நான் கிளாஸைத் தூக்குவதற்குள் அவர் உறிஞ்சி முடித்திருப்பார். இப்போது நான் வாய் திறக்கும் வரை காத்திருந்தார். நான் நாவற்பழம் என்றால், ஆமாம், நன்றாகப் பழுத்த நாவற்பழம் என்பார். நான் முகத்தைச் சுளித்தால், கொஞ்சம் முரடுதான் என்பார். கரண்டியை எடுப்பதையே விட்டுவிட்டார். அந்தச் சத்தம் இல்லாததைக்கூட, பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவர்களுக்காக அடக்கி வாசிக்கிறார் என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

ஒரு ஞாயிறு, வீட்டிலேயே திறக்கலாம் என்று ஹோட்டலிலிருந்து திறக்காத போத்தல் ஒன்றைக் கொண்டுவந்தேன். உயரத்துத் தோட்டத்து மால்பெக், எங்கள் இரண்டு பேருக்கும் பிடித்தது. ஊற்றிவிட்டு, அடுப்பில் பருப்பு பொங்குகிற சத்தம் கேட்டுக் குசினிக்கு ஓடினேன். திரும்பி வந்தபோது அவர் ஒரு வாய் குடித்திருந்தார்.

"நல்லா இருக்கு," என்றார். "பழம் நல்லா தெரியுது. அந்தப் பூ வாசமும் இருக்கு."

நான் கிளாஸை மூக்கருகே கொண்டுபோனேன். நனைந்து மக்கிய சாக்கு வாசம் குப்பென்று அடித்தது. கார்க் கெட்டுப்போன போத்தல். பழமும் இல்லை, பூவும் இல்லை. மூக்கு உள்ள யாரும், வைன் தெரியாதவர்கூட, அதை ஒரு வாய் குடித்திருக்க மாட்டார்கள்.

நான் கிளாஸை மேசையில் வைத்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது என்று எனக்குத் தெரியும். எனக்குப் புரிந்தது அவருக்கும் தெரியும். ஆனால் நான், பருப்பு அடிப்பிடித்துவிட்டது, முதலில் சாப்பிடலாம் என்று சொன்னேன். அவர் எழுந்து கை கழுவப் போனார். அன்று சாயங்காலம் போத்தலை வாஷ்பேசினில் கவிழ்த்துத் தண்ணீர் விட்டேன்.

அதற்குப் பிறகு நான் வைன் கொண்டுவரவில்லை. அவரை இன்னொரு முறை அந்த இடத்தில் நிறுத்தக் கூடாது என்றுதான் நினைத்தேன். அவர் கேட்டால் கொண்டுவரலாம் என்றும் நினைத்தேன். அவர் கேட்கவில்லை. ஞாயிறு மத்தியானம் சோறு சூடாகவே சாப்பிட்டோம். சாப்பிட்டதும் அவர் டீவி பார்ப்பார், நான் துணி மடிப்பேன். சண்டை ஒன்றும் இல்லை. பேசவும் பெரிதாக ஒன்றும் இல்லை. இப்படியே வருஷங்கள் போய்விட்டன.

போன வருஷம் இறக்குமதி சீராகி, ஹோட்டலுக்குப் புதிதாக மால்பெக் மாதிரிகள் வந்தன. பகல் முழுக்க அவற்றைப் பார்த்துக் குறித்துவிட்டு, பஸ் ஏறி வீட்டுக்கு வந்தேன். தேத்தண்ணி ஊற்றிக்கொடுக்கும்போது அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பல்லு கறுத்திருக்கு," என்றார். "இன்னைக்கு மால்பெக்கா?"

அந்த வைன் பல்லில் கறை வைக்கும். எத்தனையோ தடவை அப்படிக் கறையோடு வந்திருக்கிறேன், அவர் ஒவ்வொரு தடவையும் பார்த்திருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆமாம் என்றேன். அவர் கோப்பையைச் சுழற்றிக்கொண்டே கேட்டார்.

"வீட்டுக்குக் கொண்டாறத ஏன் நிப்பாட்டுன? நான் அன்னைக்குப் பொய் சொன்னதுனாலயா?"

"இல்லங்க," என்றேன். "உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்னு."

"எனக்கு ருசியா வேணும்? பெக்டரில உண்மையச் சொன்னா வேலதான் போகும், போச்சு. ஒன்கிட்ட சொன்னா ஞாயித்துக்கெழம போயிரும்னு நெனச்சேன்." அவர் தலையை நிமிர்த்தவில்லை. "அதுவும் போயிருச்சு."

தேத்தண்ணி இரண்டு பேருக்கும் ஆறிப்போனது.

அடுத்த கிழமையே அவரைக் கண்டிக்குக் கூட்டிப்போய் மூக்கு டாக்டரிடம் காட்டினேன். டாக்டர் நல்ல மனுஷர். கிராம்பு, எலுமிச்சைத் தோல் மாதிரி அழுத்தமான வாசனைகளைத் தினமும் கவனமாக மோந்து பழகினால் சிலருக்குக் கொஞ்சம் திரும்பும் என்றார். இந்த வயதில், இத்தனை வருஷம் கழித்து, அதிகம் எதிர்பார்க்க வேண்டாம் என்றும் சொன்னார். முதல் மாதங்களிலேயே தொடங்கியிருந்தால் வாய்ப்பு கூடுதலாக இருந்திருக்குமா என்று கேட்டேன். இருந்திருக்கலாம் என்றார். கிராம்புக்கும் ஏலக்காய்க்கும் மாத்தளைக்காரர்கள் எங்கேயும் போக வேண்டியதில்லை. எங்கள் வீட்டுப் பின்வேலிக்கு அந்தப் பக்கமே கிராம்பு மரம் நிற்கிறது. வாசனை வந்துவிட்டது என்று அவர் சொன்ன நாளில் நான் ஒரு கிராம்பை எடுத்துக் கையில் கொடுத்துப் பார்த்திருக்கலாம். அன்றைக்கு மேசையில் கிளாஸை வைத்த பிறகாவது பருப்பைப் பற்றிப் பேசாமல் இருந்திருக்கலாம்.

இப்போது தினமும் காலையில் அவர் கிராம்பை மோந்து பார்க்கிறார். நான் கேட்டால், தலையை இல்லை என்று ஆட்டுவார். ஒரே ஒருநாள், ஏதோ கருகிய மாதிரி இருந்தது என்றார். மறுநாள் அதுவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் மறுபடி போத்தல் கொண்டுவருகிறேன். அவர் ஒரு வாய் எடுத்து, தனக்குத் தெரிவதை மட்டும் சொல்கிறார். புளிப்பு இருக்கிறது, பல்லைப் பிடிக்கிறது, தொண்டையில் சூடு. அதற்கு மேல் ஒன்றும் இல்லை என்கிறார், வருத்தமில்லாமல். மீதியை நான் சொல்கிறேன். பழம் எப்படி, மிளகு இருக்கிறதா, பூ இருக்கிறதா. அவர் கவனமாகக் கேட்கிறார். ஆனால் முன்பு மாதிரி இல்லை. முன்பு நான் சொல்வதை வெட்டி, இல்லை, இன்னொரு தடவை பார் என்று சண்டை பிடிப்பார். இப்போது சரி, சரி என்கிறார். நானும் வகுப்பில் பாடம் சொல்கிற மாதிரிச் சொல்லி முடிக்கிறேன். பேச்சு சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது. போத்தலில் மிச்சமிருப்பதைக் கோழிக்கறியில் ஊற்றிவிடுகிறேன்.