நுன்சியாவின் தீனி ஊர்வலம்

மரக்கரண்டியை வாள்போல உயர்த்திப் பிடித்தபடி பின்னோக்கி நடந்து வருகிறாள் நுன்சியா. முகம் கூட்டத்தைப் பார்த்திருக்க, முதுகு வழியைப் பார்த்துக்கொள்கிறது. ஸ்கூட்டர், சாக்கடை மூடி, நாய் விட்டுச் சென்ற நினைவுச் சின்னம், வாசலில் நாற்காலி போட்டுப் பட்டாணி உரிக்கிறவர்களின் நீட்டிய கால் என்று எதுவானாலும் அந்த முதுகு தானே சுற்றிக்கொண்டு போய்விடும். அவளுக்கு எதிரே, வெயிலில் வெந்து சிவந்த வடக்கு ஐரோப்பாக்காரர்கள் கோழிக்குஞ்சுகள்போல வருகிறார்கள். நேப்பிள்ஸில், எங்கள் ஸ்பானியர் பேட்டையில், நாங்கள் நின்ற வாக்கில் தின்றுவிட்டுக் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு போகும் பண்டங்களை, முன்பதிவு செய்து விளக்கவுரையோடு தின்ன வந்திருக்கும் பாக்கியவான்கள்.

ஐம்பது வயது தாண்டும்வரை நுன்சியா பொத்தான் விற்றவள். பொத்தான் அறுந்தால் சட்டையையே தூக்கியெறியும் நாகரிகம் பேட்டைக்கும் வந்து சேர்ந்ததும் கடையைப் பூட்டினாள். பூட்டின கையோடு மரக்கரண்டியைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வந்து, தன்னைச் சாப்பாட்டு நிபுணர் என்று அறிவித்துக்கொண்டாள். அவள் சமையல் எப்படி என்று கேட்கிறீர்களா? அவள் வேகவைத்த பாஸ்தாவைக் கொண்டு சுவரில் தேர்தல் நோட்டீஸ் ஒட்டலாம், அடுத்த தேர்தல்வரை நிற்கும் என்பது பேட்டையின் ஒருமித்த கருத்து.

அவளுடைய ஆங்கிலம், வினைச்சொற்களை வீட்டில் வைத்துப் பூட்டிவிட்டு வரும் ஆங்கிலம். "நீ, இது, வாய்!" என்பாள். பொரித்த பீட்சா வாய்க்குள் போய்விடும். "சூடு! நாக்கு! பாவம்!" என்பாள். அதற்குள் நாக்கு வெந்திருக்கும்.

முதல் நிறுத்தம் அஸ்ஸுந்தாவின் பொரியல் கடை. இந்த எண்ணெய்ச் சட்டி யுத்த காலத்தில் அடுப்பேறியது, குண்டு விழுந்தபோதும் இறங்கவில்லை என்று நுன்சியா கண்கலங்கச் சொல்ல, கூட்டம் சட்டியை வணங்காத குறையாகப் படம் எடுத்துக்கொள்கிறது. ஆங்கிலம் தெரியாத அஸ்ஸுந்தா எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு கேட்பாள்:

"என்னடி சொல்லித் தொலைச்சே? எல்லாரும் சட்டியையே பார்க்கிறாங்க."

"யுத்த காலத்துச் சட்டின்னேன்."

"அடிப்பாவி, போன மாசம்தானே வாங்கினேன்! சுகாதாரத்துறைக்காரன் காதுல விழுந்தா என்ன ஆகும்?"

"அவனையும் டிக்கெட் வாங்கிட்டு வரச் சொல்லு, அவனுக்கும் சொல்றேன். உண்மையைச் சொன்னா இவங்களுக்குப் பசிக்காதுடி."

இதுதான் நுன்சியாவின் வேதம். பசியெடுக்க வைப்பதற்காகப் பேட்டையையே அவள் ஒழுங்குபடுத்தி வைத்திருக்கிறாள். ஊர்வலம் வரும் வேளையில்தான் மாடிகளில் துணி உலர வேண்டும். "போர்வை போடு, மேசை விரிப்பு போடு. உன் புருஷன் ஜட்டியை எடுத்து உள்ள வை, சாப்பிட வர்றவங்க பாவம்!" என்று கீழேயிருந்து உத்தரவு போகும். எலுமிச்சை பிழிந்து பன்றிக்கால் விற்கிறவன் அந்த நேரத்தில் பாட வேண்டும். அவன் தொண்டை பன்றிக்காலைவிட மோசம். ஆனாலும் பாடுகிறான். பேட்டைக்கு வரும்படி வந்தால் யாருக்குக் கசக்கும்? சந்துக்குள் புதிதாகச் சாப்பாட்டு மேசைகள் முளைத்தன. பிறகு அந்த மேசைகள் குட்டி போட்டன. நடப்பதற்கு மிஞ்சிய இடத்தில் ஒல்லியானவர்கள் நடந்துகொண்டோம்.

ஊர்வலத்தின் உச்சக் காட்சி கார்மினே கிழவர். மூன்றாம் மாடி ஜன்னலில் நின்று, கயிற்றில் கட்டிய கூடையை இறக்குவார். நுன்சியா அதில் ஒரு ரொட்டியும், சூடான உருளைக்கிழங்குப் பொரியலும் வைப்பாள். கூடை ஆடி ஆடி மேலே ஏறும். கீழே கைதட்டல் கிளம்பும். அவர் நெஞ்சில் கைவைத்துக் குனிவார். லிஃப்ட் வந்த பிறகும் இந்தக் கூடை எதற்கு என்று யாரும் கேட்டதில்லை. கேட்டாலும் நுன்சியாவிடம் பதில் இருந்தது: கடலில் மீன்பிடித்து வாழ்ந்தவர், செத்துப்போன மனைவியின் நினைவாக இந்த ஜன்னலைவிட்டு நகராதவர்.

கார்மினே மலைரயில் ஓட்டி ஓய்வுபெற்றவர். படகில் ஏறினாலே வாந்தி எடுப்பார். மனைவி விஷயம் இன்னும் சிக்கல். அது அவர் காதுக்குப் போன நாளில், ஜன்னலில் நின்றே சந்து அதிரச் சண்டை பிடித்தார்.

"ஏய் நுன்சியா! என் பொண்டாட்டி எப்படி செத்தா? அவ என்னை உட்டுட்டுப் போய் கஸேர்த்தாவுல இன்னொருத்தனைக் கட்டிக்கிட்டு குண்டா இருக்கா!"

"அதைச் சொன்னா யாரு சித்தப்பா உங்களுக்குப் பொரியல் வாங்கித் தருவாங்க? செத்துட்டான்னு சொன்னதாலதான் சூடா வருது."

"எனக்கு உன் பொரியலும் வேணாம், உன் கைதட்டலும் வேணாம். நான் என்ன கயிறு கட்டின பொம்மையா? நாளையிலேருந்து என் ஜன்னல் திறக்காது, போ!"

"திறக்காதீங்க! எனக்கென்ன ஜன்னலுக்கா பஞ்சம்?" என்றாள் நுன்சியா. பேட்டை அதை ரசித்துக் கேட்டது. அந்தச் சண்டைக்குத்தான் உண்மையில் டிக்கெட் போட்டிருக்க வேண்டும்.

மறுநாள் ஊர்வலம் அங்கே வந்து நின்றது. ஜன்னல் சாத்தியிருந்தது. நுன்சியா கரண்டியால் சுவரைத் தட்டினாள், கூப்பிட்டாள். பதில் இல்லை. கிழம் சொன்னபடி செய்துவிட்டது என்று உள்ளுக்குள் பொருமினாள். வெளியே முகத்தை உடனே சோகமாக்கிக்கொண்டு, "இன்று, மனைவி, நினைவு நாள்" என்று அறிவித்தாள். கூட்டம் "ஐயோ" என்று உருகியது. ஒரு பெண் மூக்கைச் சிந்தினாள். கூடை இறங்கியிருந்தால்கூட இவ்வளவு நன்றாக எடுபட்டிருக்காது.

அடுத்த கடையை நோக்கிப் பின்னோக்கி நான்கைந்து எட்டு வைத்தவள் நின்றாள். மூக்கை உயர்த்தினாள். அந்தச் சந்தில் வெங்காயம், மீன், சோப்பு, வடிகால் எல்லாம் மணக்கும். அன்று அதற்கு மேலே வேறொன்று மிதந்து வந்தது. கருகின காபி. கருகி, பாத்திரத்தின் ரப்பர் வளையமும் உருகும் நாற்றம். நேப்பிள்ஸ்காரன் வாடகையை மறப்பான், கட்டின பெண்டாட்டியை மறப்பான். அடுப்பில் வைத்த காபியை மறக்க மாட்டான்.

நுன்சியா கரண்டியைக் கீழே போட்டாள்.

கார்மினேயின் வீட்டுச் சாவி வாசலில் பட்டுப்போன செடித் தொட்டிக்கு அடியில் இருக்கும். பேட்டைக்கே தெரிந்த ரகசியம் அது. அவள் படியேறி ஓட, கூட்டத்திலிருந்து பிர்கித் என்ற டென்மார்க்குக்காரியும் பின்னாலேயே ஓடினாள். அதுவரை வாயைத் தின்பதற்குக்கூட அளவாகத் திறந்தவள் அவள். ஊரில் அவள் நர்ஸ் என்பது அப்புறம்தான் தெரிந்தது.

கார்மினே சமையலறைத் தரையில் கிடந்தார். ஒரு பக்க முகம் இறங்கியிருந்தது. கண் மட்டும் விழித்து நுன்சியாவைப் பார்த்தது. பிர்கித் அடுப்பை அணைத்தாள், அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்தாள், கையைத் தூக்கிப் பார்த்தாள். தூக்கின கை அப்படியே விழுந்தது. "ஆம்புலன்ஸ். இப்பவே," என்றாள். நுன்சியா போன் செய்தாள். ஆஸ்பத்திரி பக்கம்தான், வண்டியும் சட்டென்று வந்துவிட்டது. சந்து முனைவரை வந்து, அங்கேயே நின்று அலறியது. உள்ளே நுழைய வழியில்லை. சந்து முழுக்க மேசைகள். மேசை முழுக்க நுன்சியாவின் கதைகளைக் கேட்டுப் பசியெடுத்து வந்தவர்கள்.

நுன்சியா ஜன்னலை உதைத்துத் திறந்தாள்.

கீழே நின்ற கூட்டம் நிமிர்ந்து பார்த்தது. ஜன்னல் திறந்துவிட்டது! எல்லாருடைய போனும் உயர்ந்தது.

"டேய் ராஃபேலே! மேசையை எடுடா! வண்டி வரணும்!" என்று அவள் கத்தினாள்.

"அக்கா, ஆளுங்க சாப்பிட்டுட்டு இருக்காங்க!" என்றான் பரிமாறுகிற ராஃபேலே, கையில் தட்டுகளோடு.

"உக்காந்து தின்னது போதும், நின்னு செரிக்கட்டும்! நீ எடுக்கறியா, நான் வந்து உன் தலையில கவுக்கட்டுமா?"

கீழே பலத்த கைதட்டல். நேப்பிள்ஸ் பெண்ணின் கோபத்தை இவ்வளவு பக்கத்தில், அதுவும் கட்டணத்துக்குள்ளேயே பார்க்கக் கிடைத்ததில் அவர்களுக்குப் பரம திருப்தி. ஒருவர் "மறுபடியும்!" என்றுகூடக் கூவினார்.

நுன்சியா அவர்களைப் பார்த்தாள். எந்த நேரமும் கைவசம் ஏதாவது வைத்திருக்கிறவள், அன்று வார்த்தை தேடினாள்.

"கை, வேண்டாம்," என்றாள். "இது, நிஜம்."

கைதட்டல் ஓய்ந்தது. ரோட்டர்டாமிலிருந்து வந்த ஒரு நெட்டை மனிதர் மெல்லக் கேட்டார்: "அப்ப மத்ததெல்லாம்?"

பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. போனைப் பையில் போட்டுவிட்டு, முதல் மேசையைத் தட்டு, கண்ணாடிக் கோப்பையோடு அலாக்காகத் தூக்கியவர் அவர்தான். அஸ்ஸுந்தா அடுப்பை விட்டுவிட்டு ஓடி வந்து நாற்காலிகளை எறிந்தாள். பாதி தின்ற மீனோடு மனிதர்கள் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டார்கள். வண்டி பின்பக்கமாகவே சந்துக்குள் வந்து கார்மினேயை ஏற்றிக்கொண்டு போயிற்று.

இணையத்தில் அன்றைய ஊர்வலத்தைப் பற்றி நல்லபடியாகவே எழுதினார்கள். மறக்க முடியாத அனுபவம், உள்ளூர் வாழ்க்கையை உள்ளது உள்ளபடி கண்டோம் என்றது ஒன்று. அவசர உதவிக் காட்சி சற்று நீளம் என்றது இன்னொன்று. மூன்றாவது ஆசாமி, சொன்னபடி இனிப்பு தரவில்லை என்று ஒரு நட்சத்திரத்தைக் குறைத்திருந்தார். நீதி என்று ஒன்று உலகத்தில் இருக்கத்தான் செய்கிறது.

நுன்சியா ஆஸ்பத்திரிக்குப் போனபோது கார்மினேயின் அறை வாசலில் நர்ஸ் மறித்தாள்.

"சொந்தக்காரங்க மட்டும்தான். நீங்க யாரு?"

"மக," என்றாள் நுன்சியா, கண்ணிமைக்காமல்.

உள்ளேயிருந்து கார்மினேயின் குரல் வந்தது. வார்த்தைகள் வாயின் ஒரு பக்கமாக வழிந்து வந்தன. "எனக்கு மகளே கெடையாது. அது பொய்க்காரி."

"அப்ப வெளியே அனுப்பிடட்டுங்களா?"

கார்மினே தலையணையில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "இருக்கட்டும். வந்துட்டா."

அவள் கட்டிலருகே உட்கார்ந்தாள். பையிலிருந்த ஆரஞ்சை எடுத்து உரித்தாள். உரித்துவிட்டுத்தான் அவரால் மெல்ல முடியாது என்று கண்டு, தானே தின்றாள். அவர் அதைப் பார்த்துக்கொண்டே கிடந்தார்.

"கை தட்டினாங்களாமே?"

"தட்டினாங்க."

"எனக்கா?"

"பின்னே ராஃபேலேவுக்கா? எல்லாம் உங்களுக்குத்தான் சித்தப்பா."

பாதி முகம் சிரித்தது. மீதிப் பாதி அப்படியே இருந்தது.

"ஜன்னல் சாத்தியிருந்துச்சே, அப்ப என்னத்தைச் சொன்னே அவங்ககிட்டே?"

நுன்சியா ஆரஞ்சுத் தோலைக் கைக்குள் மடித்துக்கொண்டாள். "உண்மையைத்தான்."

"என்னன்னு?"

"மேல ஒரு பிடிவாதக்காரக் கிழம் இருக்கு, கோவத்துல ஜன்னலைச் சாத்திக்கிச்சுன்னு."

"பரவாயில்லையே," என்று கண்ணை மூடினார் கார்மினே. "பொறந்ததுலேருந்து மொத தடவையா ஒரு நிஜம் பேசியிருக்கே."

நுன்சியா எழுந்தாள். கட்டிலருகே மேசையில், கலங்கின தண்ணீரில் அவருடைய பல்செட்டு கிடந்தது. நர்ஸுகளுக்கு அதையெல்லாம் கவனிக்க நேரம் இல்லைபோலும். தம்ளரோடு அதை எடுத்துக்கொண்டு மூலையிலிருந்த குழாயடிக்குப் போனாள். கட்டைவிரலால் ஒவ்வொரு பல்லாகத் தேய்த்தாள். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். திருப்தி வராமல், மறுபடியும் குழாயைத் திறந்தாள்.