பேர் பதியாத அதிபர்

செவ்வாய்க்கிழமை காலை முதல் பாடம் நடந்துகொண்டிருந்தபோது கல்லூரிக்குத் தந்தி வந்தது. பூண்டுலோயாவில் லூர்தம்மாள் மிஸ் காலமாகிவிட்டார், மறுநாள் அடக்கம் என்று இரண்டே வரி. டைப்ரைட்டர்களின் சத்தத்தில் தந்திக்காரர் சொன்னது எனக்குக் கேட்கவில்லை. தாளைக் கையில் வாங்கிப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு வகுப்பறையிலேயே உட்கார்ந்திருந்தேன். அழுகை வரும் என்று நினைத்தேன். பிற்பகலில் வந்தது கோபம்.

நம் வணிகக் கல்லூரியின் நிர்வாக சபைத் தலைவர் ஓர் அனுதாபக் குறிப்பை எழுதி ஆள் மூலம் கொடுத்தனுப்பியிருந்தார். அதைச் சுத்தமாக டைப் அடித்துப் பத்திரிகைக்கு அனுப்ப வேண்டுமாம். ‘எமது கல்லூரியின் முன்னாள் அதிபர்’ என்று அது தொடங்கியது. மிஸ்ஸிடம் படித்தவர்களே, அவரோடு வேலை பார்த்தவர்களே, உங்களுக்குத் தெரியும்: லூர்தம்மாள் மிஸ் இந்தக் கல்லூரிக்கு ஒரு நாள்கூட அதிபராக இருந்ததில்லை. இருக்க விடவில்லை. ஒன்பது வருஷம் அந்த வேலையைச் செய்தவருக்கு அந்தப் பெயரைக் கொடுக்க மறுத்தவர்கள், அவர் கண்ணை மூடியதும் தாராளமாக எடுத்து நீட்டுகிறார்கள். இறந்தவரை அதிபராக்க விளம்பரமும் வேண்டாம், நேர்முகப் பரீட்சையும் வேண்டாம் போலிருக்கிறது. நான் அந்த வார்த்தையை வெட்டிவிட்டுத்தான் குறிப்பை அடித்தேன்.

பழைய அதிபர் நோய்வாய்ப்பட்டுக் கொழும்புக்குப் போனவர் திரும்பவில்லை. புதியவர் வரும்வரை கொஞ்ச நாளைக்குப் பார்த்துக்கொள்ளும்படி தலைவர் மிஸ்ஸிடம் சாவியைக் கொடுத்தார். அந்தக் கொஞ்ச நாள் ஒன்பது வருஷம் நீண்டது. அப்போது கல்லூரி ஹட்டன் கடைவீதியில் ஒரு துணிக்கடையின் மாடியில் இருந்தது. ஏழு டைப்ரைட்டர்கள், நாற்பது பிள்ளைகள். தோட்டத்தில் விடியற்காலையில் தொழிலாளர்களை வரிசையாக நிறுத்தி வேலை பிரித்து அனுப்புவதைப் பெரட்டு என்பார்கள். மிஸ்ஸும் காலையில் பிள்ளைகளை வராந்தாவில் நிறுத்தி, இன்று யார் எந்த மெஷினில், யார் சுருக்கெழுத்தில் என்று பிரித்துவிடுவார். மெஷின் கிடைக்காதவர்களுக்கு எழுத்துகள் வரைந்த காகித அட்டை. அதில் விரல் பழக வேண்டும். பெரட்டு என்ற சொல்லே தோட்டத்துக்காரர்களுக்குக் கசப்பு. தாமதமாக வந்தால் அன்றைக்கு வேலை இல்லை என்று திருப்பி அனுப்பும் இடம் அது. ஒருமுறை நான் அதைச் சொல்லிக் காட்டினேன். “பெரட்டுல நின்னவங்க புள்ளைங்கதானே நாம. அந்த ஒழுங்கு நமக்குத் தெரியும். அத நமக்காகவும் செஞ்சு பாப்போமே” என்றார்.

எந்தக் கடிதமானாலும், எந்தச் சான்றிதழானாலும் ‘அதிபருக்காக’ என்று அடித்து, அதற்குக் கீழேதான் கையெழுத்துப் போடுவார். அதிபர் என்று ஒருவரும் இல்லாத கல்லூரியில் அவர் யாருக்காகக் கையெழுத்துப் போடுகிறார் என்று நிர்வாக சபையில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. வேலை நடந்தது, பிள்ளைகள் தேறினார்கள், அவர்களுக்கு அது போதும்.

அப்போது நான் அங்கே சுருக்கெழுத்து ஆசிரியர். சபைக் கூட்டங்களில் குறிப்பெடுப்பதும் என் வேலை. சேர்ந்த புதிதில் ஒரு தவறு செய்தேன். வேலைக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகள் தாங்கள் குடியிருக்கும் லயத்து, அதாவது தோட்டத்து வரிசை வீட்டு, முகவரியைப் போட வெட்கப்பட்டு, தெரிந்த கடை எதனுடையதையாவது போடுவார்கள். அதுதான் புத்திசாலித்தனம் என்று நானும் சொல்லிக்கொடுத்தேன். மிஸ் அந்த விண்ணப்பங்களைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார்.

“மாஸ்டர், இது யாரு வீடு?”

“கடைங்க மிஸ். லயம்னு போட்டா கூப்பிட மாட்டாங்க.”

“கூப்பிடாட்டி நான் போய்க் கேக்குறேன். லயத்து நம்பரையே போடச் சொல்லுங்க. அங்கதானே இருக்காங்க?”

சொன்னபடி போகவும் செய்தார். லயத்துப் பிள்ளை ஆபீசுக்குள் வருவது கூட்டிப் பெருக்கத்தான் என்று ஒரு தோட்டத்துப் பெரிய கிளாக்கர் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பியிருந்தார். மிஸ் அந்தப் பெண்ணையும் அழைத்துக்கொண்டு பஸ் ஏறினார். ஆபீஸ் வாசல் பெஞ்சில் மத்தியானம்வரை இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். தோட்டத்தை நிர்வகிக்கும் துரை வெளியே வந்ததும், இவளுக்கு ஒரு கடிதத்தைச் சொல்லுங்கள், அடித்துக் காட்டட்டும் என்று மிஸ் ஆங்கிலத்தில் கேட்டார். அவள் அடித்தாள். அங்கேயே வேலை கிடைத்தது. அவள் இன்றைக்கும் அந்த ஆபீசில்தான் இருக்கிறாள்.

கல்லூரிக்குச் சொந்தக் கட்டிடம் வந்ததும் சபைக்குக் கம்பீரம் வந்துவிட்டது. நிரந்தர அதிபர் ஒருவரை நியமிக்க வேண்டும் என்று தீர்மானித்தார்கள். மிஸ்ஸைத்தான் நியமிக்கப்போகிறார்கள் என்று நான் சந்தோஷப்பட்டேன். பத்திரிகையில் விளம்பரம் போட வேண்டும் என்றார் தலைவர். அவர் சொல்லச் சொல்ல நான் குறிப்பெடுத்தேன். அதை டைப் அடித்தது மிஸ்தான். ஹட்டனில் அவரைவிடப் பிழையில்லாமல் அடிக்க ஆள் ஏது? மூன்றாவது தகுதியாக, விண்ணப்பிப்பவர் இலங்கைப் பிரஜையாக இருக்க வேண்டும் என்று இருந்தது.

அடித்து முடித்துத் தாளைத் தலைவர் முன்னால் வைத்தார். “ஐயா, மூணாவது வரியில நான் விழுந்துடுறேங்களே” என்றார்.

“அது சட்டம்மா. நம்ம கையில என்ன இருக்கு?”

சட்டமாம்! எந்தச் சட்டமும் நம்மை அப்படிக் கேட்கவில்லை. நம்முடையது தனியார் கல்லூரி. அரசாங்கத்திடமிருந்து ஒரு பென்சில்கூட வந்ததில்லை. பிறகு ஒரு வக்கீலிடம் விசாரித்தபோது, இந்த வரியை எழுதச் சொன்னது யார் என்று அவரே என்னைத் திருப்பிக் கேட்டார். யாரும் கேட்காததை இவர்களே முந்திக்கொண்டு எழுதினார்கள், மேலிடத்தில் நல்ல பிள்ளை என்று பெயர் வாங்குவதற்காக. அந்தச் சபையில் இருந்த அத்தனை பேரும் நம்மவர்கள். ஒவ்வொருவருடைய தாத்தாவும் இந்தியாவிலிருந்து ஒரே மாதிரிக் கப்பலில் வந்து, ஒரே மாதிரி மலை ஏறியவர்.

மிஸ் ஏன் பிரஜை ஆகவில்லை என்று சிலர் கேட்கிறார்கள், ஏதோ சோம்பேறித்தனத்தால் விட்டுவிட்டவர் போல. அவருடைய அப்பா பூண்டுலோயாப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து, அதே தோட்டத்துத் தொழிற்சாலையில் உழைத்து, அங்கேயே மண்ணுக்குள் போனவர். மாதா கோயில் ஞானஸ்நானப் புத்தகத்தில் அவர் அருளப்பன். தோட்டத்துச் செக்ரோலில், அதாவது வேலைப் பதிவேட்டில், கருப்பையா. கங்காணிக்கு வேதக்காரப் பெயர் வாயில் நுழையவில்லை. தமக்குப் பழகிய பெயரைச் சொல்லிப் பதிந்துவிட்டார். கூப்பிட்ட பெயருக்கு ஏன் என்று குரல் கொடுத்துத்தான் நம் ஆட்கள் பழகியவர்கள், மாற்று என்று கேட்டுப் பழகியவர்கள் அல்ல. அப்பா இங்கே பிறந்தவர் என்று காட்ட மிஸ் கொண்டுபோன இரண்டு தாளையும் நுவரெலியாப் பிரஜாவுரிமைக் கந்தோரில் பார்த்த அதிகாரி, இது இரண்டு ஆள், இதில் உன் அப்பா யார் என்று கேட்டாராம். “ரெண்டு ஆள் ஒழச்சிருந்தா எங்க வீட்டுல அவ்வளவு கஷ்டம் இருந்திருக்காதுங்க சார்னு சொல்லிட்டு வந்தேன்” என்று மிஸ் எங்களிடம் சொல்லிச் சிரித்தார். விண்ணப்பத்தைத் தள்ளிவிட்டார்கள்.

நேர்முகப் பரீட்சைக்கு மூன்று பேர் வந்தார்கள். ரயிலடிக்கு ஆள் அனுப்பியது, நாற்காலி போட்டது, விண்ணப்பங்களை வரிசைப்படுத்தி வைத்தது எல்லாம் மிஸ்தான். நான் உள்ளே உட்கார்ந்து குறிப்பெடுத்தேன். ஹட்டன் குளிர் ஒத்துக்கொள்ளுமா, கலியாணம் ஆகிவிட்டதா, கொழும்பில் யார் யாரைத் தெரியும் என்பவைதான் கேள்விகள். பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. கடைசியாக வந்தவர் கொழும்பிலிருந்து வந்த பட்டதாரி, இளைஞர். அன்றைக்குக் கேட்கப்பட்ட ஒரே உருப்படியான கேள்வியை அவர்தான் கேட்டார்.

“இப்ப கல்லூரிய யாரு நடத்துறாங்க?”

“ஒரு டைப்பிங் டீச்சர் பாத்துக்கிறாங்க” என்றார் தலைவர்.

மிஸ் அந்த நேரத்தில் அவர்களுக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துக்கொண்டிருந்தார். “சீனி போட்டிருக்குங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போனார். ஒன்பது வருஷத்தையும் ஒரு வாக்கியத்தில் துடைத்துப் போட்டார்கள். நான் குனிந்த தலை நிமிராமல் அந்த வாக்கியத்தையும் சுருக்கெழுத்தில் எழுதிக்கொண்டேன்.

பட்டதாரிக்கே வேலை கிடைத்தது. அவரைக் குறை சொல்ல மாட்டேன். முதல் வாரமே மிஸ்ஸின் மேசைக்கு நாற்காலியை இழுத்துப் போட்டு, எதை எப்படிச் செய்வது என்று கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டார். மிஸ்ஸும் ஒன்றையும் ஒளிக்கவில்லை. எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

“ஏங்க மிஸ் எல்லாத்தையும் சொல்லிக் குடுக்குறீங்க?”

“அவருக்குத் தெரியாட்டி நட்டம் புள்ளைங்களுக்குத்தானே மாஸ்டர்.”

மழைக்காலத்தில் அந்த இளைஞருக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியது. சில மாதங்களில் கொழும்பிலேயே ஒரு கம்பனியில் வேலை தேடிக்கொண்டு போய்விட்டார். போகும்போது, அந்த மிஸ்ஸையே அதிபராகப் போடுங்கள் என்று தலைவரிடம் சொல்லிவிட்டுப் போனார். வெளியாளுக்குச் சில மாதத்தில் தெரிந்தது, நம்மவர்களுக்கு ஒன்பது வருஷத்திலும் தெரியவில்லை.

மறுநாள் தலைவர் கல்லூரிக்கு வந்தார். “லூர்தம்மா, மறுபடி கொஞ்ச நாளைக்கு நீங்களே பாத்துக்கங்கம்மா. நல்ல ஆளா ஒருத்தர தேடிக்கிட்டு இருக்கோம்” என்றார்.

தோட்டத்தில் பேர் பதிந்த ஆள் உண்டு, கைக்காசு ஆள் உண்டு. பேர் பதிந்தவர் செக்ரோலில் இருப்பவர்; வேலைக்கு வராவிட்டால் மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கு கூப்பிட்டு விசாரிப்பார். கைக்காசு ஆளைக் கொழுந்து மிகுந்த நாளில் கூப்பிடுவார்கள், அது முடிந்ததும் மறந்துவிடுவார்கள். மிஸ் எழுந்து நின்றார். குரல் உயரவில்லை.

“ஐயா, ஒம்பது வருஷமா என்னைய கைக்காசு ஆளாத்தான் வச்சிருந்தீங்க. பேர் பதியுற நேரம் வந்தப்ப சட்டம்னு சொன்னீங்க. சரிங்க. ஆனா பேர் பதியாத ஆளு மறுநாள் பெரட்டுக்கு வரலன்னா கண்டாக்குகூட ஏன்னு கேக்க முடியாது. அது தோட்டத்து வழக்கம். நாளைக்கு நான் வரலீங்க.”

தலைவர் சிரித்தார். ஏதோ கோபத்தில் சொல்கிறார், விடிந்தால் வந்துவிடுவார் என்று என்னிடம் சொன்னார். விடிந்தது. பிள்ளைகள் வழக்கம்போல வராந்தாவில் வரிசையாக வந்து நின்றார்கள். பிரித்துவிட ஆள் இல்லை. மிஸ் முதல் பஸ்ஸிலேயே பூண்டுலோயாவுக்குப் போய்விட்டிருந்தார்.

அதற்குப் பிறகு நடந்ததை நீங்கள் அரைகுறையாகக் கேள்விப்பட்டிருப்பீர்கள். முழுதாகச் சொல்ல வேண்டியவன் நான்தான். அன்று மத்தியானமே தலைவர் என்னைக் கூப்பிட்டார். விளம்பரம் இல்லை, நேர்முகப் பரீட்சை இல்லை, குளிர் ஒத்துக்கொள்ளுமா என்ற விசாரிப்புகூட இல்லை. “நீங்களே அதிபரா இருந்துக்கங்க மாஸ்டர். ஒங்களுக்குத்தான் பிரஜாவுரிமை இருக்கே” என்றார். மிஸ்ஸிடம் இருந்த சான்றிதழ்களில் பாதிகூட என்னிடம் இல்லை. என் அப்பாவுக்கு எல்லா ஏட்டிலும் ஒரே பெயர். அதுதான் என் தகுதி. முடியாது என்று சொல்ல எனக்கு நேரம் இருந்தது. வீட்டில் கைக்குழந்தை, மனைவிக்கு உடம்புக்கு முடியவில்லை என்றெல்லாம் பிறகு காரணம் தேடிக்கொண்டேன். அந்த நேரத்தில் அவை எதுவும் என் நினைவில் இல்லை. சரி என்றேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூண்டுலோயாவுக்குப் போனேன். மாதா கோயிலை ஒட்டிய அறையில், ஒரே ஒரு பழைய டைப்ரைட்டரோடு மிஸ் வகுப்புத் தொடங்கியிருந்தார். சொல்ல வந்ததைச் சொல்லி முடித்தேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“நல்லதுங்க மாஸ்டர். வாசக் கதவு கொஞ்சம் எறங்கிப் போயிருக்கு. தூக்கிப் புடிச்சுக்கிட்டுத்தான் சாவியத் திருப்பணும்” என்றார். பிறகு எனக்குத் தேத்தண்ணி போட எழுந்து போனார்.

சாகும்வரை அவர் பிரஜை ஆகவில்லை. நம் ஆட்களை இலங்கை, இந்திய அரசாங்கங்கள் இரண்டும் உட்கார்ந்து பங்கு பிரித்துக்கொண்டிருக்கிற இந்த நேரத்தில், யார் பங்கில் தாம் விழுவோம் என்று தெரிவதற்கு முன்பே போய்ச் சேர்ந்தார். மரணப் பதிவு ஒரே காலையில் முடிந்ததாம். அப்பாவின் பெயரில் இந்தத் தடவை யாரும் குற்றம் கண்டுபிடிக்கவில்லை.

அடக்கத்தன்று பலர் பேசினார்கள். அவருடைய ஒழுங்கைத் தம்மோடு வைத்திருப்பதாக ஒருவர் சொன்னார். அவருடைய துணிச்சலை என்றார் தோட்டத்து ஆபீசில் வேலை பார்க்கும் அந்தப் பெண். என்னையும் பேசச் சொன்னார்கள். எழுந்து நின்றேன், உடனே உட்கார்ந்துவிட்டேன். அங்கே சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன். தலைவரைத் திட்டினேன், சபையைத் திட்டினேன், கந்தோரைத் திட்டினேன். அதில் ஒரு வார்த்தையையும் நான் திரும்பப் பெறப்போவதில்லை. ஆனால் அவர்கள் நீட்டியதைக் கை நீட்டி வாங்கிக்கொண்டவன் நான். லூர்தம்மாள் மிஸ்ஸிடமிருந்து என்னிடம் இருப்பது அவருடைய வேலை. அதைத் திருப்பிக் கொடுக்க இனி ஆள் இல்லை.