முடி வெட்டும் கடையில் ஒரு விவாதம்

பிரெஞ்சுத் தலைநகரின் லா சப்பல் பகுதியில் நான் முடி வெட்டிக்கொள்ளும் கடைத் தொலைக்காட்சியில், இலங்கை ஜனாதிபதி வேட்பாளர்களின் விவாதம் ஓடிக்கொண்டிருந்தது.

"இவர்தான் நாட்டை நிமித்துவார்," என்றேன்.

"எல்லாரும் கள்ளர், அண்ணை," என்றார் பக்கத்து நாற்காலிக்காரர்.

பிரெஞ்சுக் கடவுச்சீட்டு வைத்திருந்த, இலங்கையில் வாக்கே இல்லாத நாங்கள் இருவரும் சத்தம்போட்டுச் சண்டை பிடித்தோம்.

என் முடியை வெட்டிக்கொண்டிருந்த கடைக்காரர் கையை நிறுத்தினார். "ஆரும் மருந்தைப் பற்றிக் கதைச்சவையோ?"

"இல்லை," என்றேன்.

ஊரில் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது, வலிப்புக் குளிசை கிடைக்காமல் அவருடைய தங்கை இறந்துபோனாள். அவர் இங்கிருந்து அனுப்பிய குளிசைப் பெட்டி செத்தவீட்டுக்குப் பிறகுதான் போய்ச் சேர்ந்தது. அந்தப் பெட்டியைக் கட்ட நானும் கைகொடுத்திருந்தேன். எப்படி மறந்தேன்?

"தலையைக் குனியுங்கோ, அண்ணை," என்றார்.

குனிந்தேன். முடித்து எழும்பும்வரை கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை.